தேடிக் கற்கும் பள்ளிக்கு யார் ஆசிரியர்? சிகாகோவில் டூயி திரட்டிய அணி

அமெரிக்காவின் சிகாகோ நகரில் 1896 ஜனவரியில், ஒரு குடியிருப்பு வீட்டில் சிறிய பள்ளி ஒன்று தொடங்கியது. படிக்க வந்த குழந்தைகள் 16 பேர். பாடம் சொல்ல ஓர் ஆசிரியை, கைவேலை கற்றுத்தர ஓர் உதவியாளர். பள்ளியை நடத்தியது சிகாகோ பல்கலைக்கழகம். அதன் பின்னால் இருந்தவர் அங்கே தத்துவத் துறைத் தலைவராகப் பணியாற்றிய ஜான் டூயி. ஆறு ஆண்டுகள் கழித்து, 1902-ல், அதே பள்ளியில் 140 குழந்தைகள் படித்தார்கள். அவர்களுக்கு 23 ஆசிரியர்கள், 10 உதவியாளர்கள். ஏறத்தாழ ஆறு குழந்தைகளுக்கு ஓர் ஆசிரியர் என்ற கணக்கு இது.

எண்ணிக்கையைவிட முக்கியமானது அந்த ஆசிரியர்களின் பின்னணி. அரசுப் பள்ளி நிர்வாகத்தில் பழுத்த அனுபவம் உள்ளவர், நெசவும் தையலும் அறிந்தவர், தச்சு வேலை தெரிந்தவர், பள்ளியைப் பார்த்து எழுத வந்து ஆசிரியராகவே ஆனவர், முனைவர் பட்ட மாணவர், பல்கலைக்கழகப் பேராசிரியர் எனப் பலரும் அதில் இருந்தார்கள். குழந்தைகள் தாங்களே தேடிக் கண்டறிந்து கற்கும் பள்ளிக்கு இப்படிப்பட்ட அணி ஏன் தேவைப்பட்டது, அந்த அணி எப்படி ஒன்றாக இயங்கியது என்பதற்கு ‘ஆய்வகப் பள்ளி’ என்று பெயர் பெற்ற இந்தப் பள்ளியின் வரலாறு தெளிவான சான்று.

டூயி யார்?

டூயி 1859-ல் வெர்மான்ட் மாநிலத்தின் பர்லிங்டன் நகரில் பிறந்தவர். கல்லூரிப் படிப்பு முடிந்ததும் பென்சில்வேனியாவின் ஆயில் சிட்டி என்ற ஊரில் இரண்டு ஆண்டுகள் உயர்நிலைப் பள்ளி ஆசிரியராக இருந்தார். பிறகுதான் தத்துவம் படித்துப் பேராசிரியரானார். 1894-ல் சிகாகோவுக்கு வந்தபோது தத்துவம், உளவியல், கல்வியியல் மூன்றும் ஒரே துறையாக அவர் பொறுப்பில் வந்தன. 1904-ல் சிகாகோவை விட்டு நியூயார்க்கின் கொலம்பியா பல்கலைக்கழகத்துக்குச் சென்றார். 1913 முதல் 1916 வரை அங்கே படித்த அம்பேத்கர் அவருடைய மாணவர்.

வேதியியலுக்கு ஓர் ஆய்வகம் இருப்பதுபோல் கல்வியியலுக்கும் ஓர் ஆய்வகம் வேண்டும். கருத்துகளை அங்கே செயலில் சோதித்துப் பார்க்க வேண்டும் என்பது டூயியின் எண்ணம். பள்ளிக்கு மேசை நாற்காலி வாங்கக் கடை கடையாக ஏறி இறங்கிய அனுபவத்தை அவரே எழுதியிருக்கிறார். கேட்டது எங்கும் கிடைக்கவில்லை. கடைசியில் ஒரு கடைக்காரர், குழந்தைகள் உட்கார்ந்து வேலை செய்வதற்கானதை நீங்கள் தேடுகிறீர்கள், இங்கே இருப்பவை எல்லாம் உட்கார்ந்து கேட்பதற்கானவை என்ற பொருளில் சொன்னாராம். அன்றைய பள்ளிகளுக்கும் டூயி நினைத்த பள்ளிக்கும் இருந்த இடைவெளியை அந்தக் கடைக்காரர் சரியாகப் பிடித்துவிட்டார்.

ஒரு பிடிப் பருத்தி

இந்தப் பள்ளியில் பாடம் வேலையிலிருந்து தொடங்கியது. சமையல், தையல், நெசவு, தச்சு, தோட்டம் ஆகியவை அன்றாட வகுப்புகள். குழந்தைகளை அந்தத் தொழில்களுக்குத் தயார் செய்வது அல்ல நோக்கம். வேலை செய்யும்போது கேள்வி பிறக்கும். கேள்விக்கு விடை தேடும்போது அறிவியலும் வரலாறும் கணக்கும் தேவைப்படும். அந்த இடத்தில் அவற்றைக் கற்பதே முறை.

இதற்கு டூயி 1899-ல் வெளியிட்ட ‘பள்ளியும் சமூகமும்’ என்ற நூலில் ஒரு நல்ல எடுத்துக்காட்டு இருக்கிறது. குழந்தைகளிடம் பருத்தி, ஆளி, ஆட்டின் முதுகிலிருந்து கத்தரித்த கம்பளி மூன்றும் அப்படியே கொடுக்கப்பட்டன. ஒரு குழு பருத்தியை எடுத்துக்கொண்டு கொட்டையிலிருந்து பஞ்சைக் கையால் பிரித்தது. அரை மணி நேரம் உழைத்தும் ஓர் அவுன்ஸ், அதாவது 28 கிராம்கூடச் சேரவில்லை. நாள் முழுக்க உட்கார்ந்தாலும் ஒருவர் கையால் ஒரு பவுண்டு பஞ்சுதான் எடுக்க முடியும் என்று சொன்னபோது அவர்கள் எளிதில் நம்பினார்கள். தங்கள் முன்னோர் பருத்தி உடுத்தாமல் கம்பளி உடுத்தியதன் காரணமும் விளங்கியது. பருத்தித் தொழில் கம்பளித் தொழிலுக்குப் பின்தங்கி வளர்ந்ததற்குக் காரணம் இதுதான் என்பது, குழந்தைகள் சொல்லும்வரை தமக்கே தெரியாது என்று டூயி எழுதினார்.

தேடல் அதோடு நிற்கவில்லை. இழைகளை விரலால் பிரித்து ஒப்பிட்டார்கள். கம்பளி இழை நீளமானது, சொரசொரப்பானது. ஒன்றோடொன்று பற்றிக்கொள்ளும், நூற்பது எளிது. பருத்தி இழை குட்டை, வழவழப்பு, நழுவும். கம்பளியைச் சிக்கெடுக்க என்ன செய்யலாம் என்று யோசித்து, முள் பதித்த இரண்டு பலகைகளைக் கொண்ட சிக்குவாரியைத் தாங்களே வடிவமைத்தார்கள். அங்கிருந்து தக்களிக்கும், தக்களியிலிருந்து ராட்டைக்கும் தறிக்கும் போனார்கள்.

இந்த ஒரு பாடத்தை நடத்த என்ன தெரிந்திருக்க வேண்டும்? நூற்கவும் நெய்யவும் கை பழகியிருக்க வேண்டும். இழையின் அமைப்பு தெரிந்திருக்க வேண்டும். எலி விட்னி 1793-ல் உருவாக்கிய பஞ்சு பிரிக்கும் இயந்திரம் அமெரிக்காவை எப்படி மாற்றியது என்ற வரலாறு தெரிந்திருக்க வேண்டும். சிக்குவாரி செய்ய மரவேலை தெரிந்திருக்க வேண்டும். குழந்தையின் கேள்வி பாடத்துறைகளின் எல்லையைப் பார்த்து எழுவதில்லை. பாடநூலை முன்வைத்து நடத்தும் வகுப்பில், அடுத்த பக்கத்தில் என்ன வரும் என்பது ஆசிரியருக்குத் தெரியும். இங்கே அடுத்த கேள்வி எங்கிருந்து வரும் என்பது யாருக்கும் தெரியாது.

ஒருவரே எல்லாம் நடத்தும் முறை மாறியது

தொடக்கப் பள்ளியில் ஓர் ஆசிரியர் எல்லாப் பாடங்களையும் நடத்துவதுதான் அன்றைய வழக்கம். முதல் சில மாதங்கள் இந்தப் பள்ளியும் அப்படித்தான் நடந்தது. முதல் ஆசிரியை கிளாரா மிட்செல், பிரான்சிஸ் பார்க்கர் நடத்திய குக் கவுன்டி ஆசிரியர் பயிற்சிப் பள்ளியிலிருந்து வந்தவர். குழந்தையை மையமாக வைத்த கல்விக்கு நாடறிந்த நிறுவனம் அது.

1896 இலையுதிர் காலத்தில் பள்ளி வேறொரு வீட்டுக்கு மாறியபோது குழந்தைகள் 32 பேர் ஆனார்கள். அப்போது பொறுப்புகள் பிரிக்கப்பட்டன. அறிவியலுக்கும் மனைக்கலைக்கும் ஒருவர், வரலாற்றுக்கும் இலக்கியத்துக்கும் ஒருவர், கைவேலைக்கு ஒருவர். டூயி இதற்குச் சொன்ன காரணம் கவனிக்கத் தக்கது. சிறு குழந்தைதானே, ஆர்வமாகக் கேட்கிறது, ஏதாவது ஒரு விளக்கம் போதும் என்ற எண்ணம் பரவலாக இருந்தது. அப்படிச் சொல்லப்பட்ட அறிவியல் பல நேரம் அறிவியலாகவே இல்லை. குழந்தைக்குச் சொல்வதும் உண்மையாக இருக்க வேண்டும். அதைச் சொல்ல அந்தத் துறையில் ஆழமாகக் கற்றவர் வேண்டும் என்பது அனுபவத்தில் கிடைத்த பாடம்.

வந்தவர்கள் யார்?

அறிவியலுக்குப் பொறுப்பேற்றவர் கேத்தரின் கேம்ப். பின்னாளில் துணை முதல்வராகிப் பாடத்திட்டத்தையும் வகுத்தார். அவருடைய சகோதரி அன்னா கேம்ப் முதலில் வரலாறு நடத்தினார். பிறகு மூத்த மாணவர்களுக்குத் தனிப் பயிற்சி தந்து, எல்லாத் துறைகளின் வேலையும் எந்த அளவுக்குப் பதிந்திருக்கிறது என்று சோதித்துப் பார்த்தார். திருமணத்துக்குப் பின் மேஹ்யூ, எட்வர்ட்ஸ் என்ற பெயர்களில் இருவரும் சேர்ந்து 1936-ல் எழுதிய ‘டூயி பள்ளி’ என்ற நூலே இந்தப் பள்ளியைப் பற்றிய முதன்மையான ஆவணம்.

மனைக்கலையும் நெசவும் அல்தியா ஹார்மர் பொறுப்பு. இழை, நூல், துணி பற்றிய வேலைகளை ஒரு முழுப் பாடத்திட்டமாக வளர்த்தவர் அவர். வரலாற்றுக்கு ஜார்ஜியா பேக்கன் தலைமை வகித்தார். வரலாறு நடத்திய மற்றொருவர் லாரா ரன்யன். பள்ளியை வெளியாளாக வந்து பார்த்து, அங்கே ஒரு நாள் எப்படிக் கழிகிறது என்று அவர் எழுதிய கட்டுரை 1900-ல் ஓர் இதழில் வெளியானது. பின்னர் அங்கேயே ஆசிரியரானார். அந்தப் பள்ளியின் வரலாற்றுக் கல்வியையே தம் பட்ட ஆய்வுக்குப் பொருளாக்கினார்.

அனுபவத்தில் மூத்தவர் எல்லா ஃப்ளாக் யங். 1845-ல் பிறந்து, 1862-ல் சிகாகோ அரசுப் பள்ளியில் ஆசிரியராகச் சேர்ந்து, 1887-ல் நகரப் பள்ளிகளின் உதவிக் கண்காணிப்பாளராக உயர்ந்தவர். ஐம்பது வயதில் டூயியின் வகுப்பில் மாணவியாக உட்கார்ந்தார். 1899-ல் பதவியை விட்டார். 1900-ல் முனைவர் பட்டம் பெற்றார். ஆசிரியர்கள் தனித்தனியே அடைபட்டுக் கிடப்பதும், மேலிருந்து வரும் ஆணைக்கு மட்டும் கட்டுப்பட்டிருப்பதும் பள்ளியைச் சீரழிக்கின்றன என்பது அவருடைய ஆய்வின் சாரம். பல்கலைக்கழகத்தில் கல்வியியல் பேராசிரியராகவும் ஆய்வகப் பள்ளியில் கற்பித்தலை மேற்பார்ப்பவராகவும் இருந்தார். பள்ளிக்கூட நடைமுறையை உள்ளிருந்து அறிந்த அவரிடமிருந்து தாம் நிறையக் கற்றதாக டூயி வெளிப்படையாகச் சொன்னார். 1909-ல் யங் சிகாகோ நகரப் பள்ளிகள் அனைத்துக்கும் கண்காணிப்பாளர் ஆனார். அமெரிக்கப் பெருநகரம் ஒன்றில் அந்தப் பதவிக்கு வந்த முதல் பெண் அவர்.

டூயியின் மனைவி ஆலிஸ் சிப்மன் டூயி, மிச்சிகன் மாநிலத்தில் பள்ளி ஆசிரியராக இருந்து, பிறகு மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் பட்டம் பெற்றவர். 1901-ல் பள்ளியின் முதல்வரானார்.

இவர்களோடு பட்ட மேற்படிப்பு மாணவர்களும் உதவியாளர்களாகப் பணிபுரிந்தார்கள். இதற்குப் பணமும் ஒரு காரணம். தொடக்கத்தில் பல்கலைக்கழகம் ஒதுக்கிய 1,000 டாலர் ரொக்கமாக வரவில்லை. பள்ளியில் கற்பிக்கும் மாணவர்களுக்குக் கட்டணச் சலுகையாகவே அது தரப்பட்டது. மீதிச் செலவைப் பெற்றோரும் நண்பர்களும் ஏற்றார்கள். பல்கலைக்கழகப் பேராசிரியர்களும் ஆலோசனைக்குக் கிடைத்தார்கள். நிலவியலுக்குத் தாமஸ் சேம்பர்லின், தாவரவியலுக்கு ஜான் கூல்ட்டர், 1907-ல் நோபல் பரிசு பெறவிருந்த இயற்பியலாளர் ஆல்பர்ட் மைக்கல்சன் போன்றோர் கைக்கெட்டும் தொலைவில் இருந்தார்கள்.

அணியை இணைத்தது எது?

பல துறை ஆசிரியர்களை நியமித்தாலே போதாது. மணிக்கு ஒருவர் வந்து தம் பாடத்தைச் சொல்லிவிட்டுப் போனால், குழந்தைக்குக் கல்வி துண்டு துண்டாகத்தான் கிடைக்கும். இந்த ஆபத்தைப் பள்ளி தொடக்கத்திலேயே உணர்ந்தது.

முதல் பாதுகாப்பு, ஒவ்வொரு வயதினருக்கும் ஒரு பொதுப் பொருள். நான்கைந்து வயதில் வீட்டு வேலைகள். ஆறு வயதில் வீட்டுக்குப் பொருள் தரும் உழவும் பிற தொழில்களும். ஏழு வயதில் ஆதி மனிதரின் கண்டுபிடிப்புகள். எட்டு வயதில் கடலோடிகளின் பயணங்கள். அடுத்து சிகாகோவின் வரலாறு, அமெரிக்கக் குடியேற்ற வரலாறு. அந்த ஆண்டின் பொருளைச் சுற்றியே எல்லா ஆசிரியர்களும் தத்தம் வேலையை அமைத்தார்கள்.

இரண்டாவது, கூட்டம். ஆசிரியர்கள் வாரந்தோறும் கூடினார்கள். எந்தக் குழுவில் என்ன நடந்தது, எந்த முயற்சி பலித்தது, எது தோற்றது, எந்தக் குழந்தைக்கு எங்கே சிக்கல் என்று பேசித் திட்டத்தைத் திருத்தினார்கள். இன்ன பாடத்தை இப்படித்தான் நடத்த வேண்டும் என்ற கட்டளை எதுவும் இல்லை. ஆனால் என்ன செய்தோம் என்று எழுதி வைப்பது கடமை. அந்த அறிக்கைகளின் அடிப்படையில் 1900-ல் ஒன்பது பகுதிகளாக ‘தொடக்கப் பள்ளிப் பதிவேடு’ வெளியானது.

சமையலறையில் இதன் பலனைப் பார்க்கலாம். குழந்தைகள் மதிய உணவு சமைத்தார்கள். அளக்கும்போது பின்னக் கணக்கு வந்தது. முட்டையை வெவ்வேறு சூட்டில் உள்ள நீரில் இட்டு, வெள்ளைக் கரு எந்த நிலையில் இறுகுகிறது என்று பார்த்தார்கள். சமையல் குறிப்பு சொல்வதை அப்படியே செய்தால் போதாதா என்று கேட்ட குழந்தைக்கு, அந்தக் குறிப்பின் காரணமே பாடமாக அமைந்தது. மூத்த மாணவர்கள் தங்கள் மன்றத்துக்கு ஓர் இடம் வேண்டும் என்று பள்ளி வளாகத்தில் தாங்களே ஒரு சிறு வீட்டைத் திட்டமிட்டுக் கட்டியபோது, மரவேலை, கணக்கு, நெசவு எல்லாத் துறை ஆசிரியர்களும் கைகொடுத்தார்கள்.

முடிவும் பயனும்

இந்த அமைப்புக்குச் செலவு அதிகம். பணத் தட்டுப்பாடு கடைசிவரை தீரவில்லை. 1903-ல் பார்க்கர் வழிவந்த மற்றொரு பள்ளியோடு இது இணைக்கப்பட்டது. இணைந்த பள்ளியின் முதல்வராக ஆலிஸ் டூயி நீடிப்பது பற்றி எழுந்த பூசலில், 1904-ல் டூயி தம்பதியர் விலகினார்கள். யங்கும் பல்கலைக்கழகத்தை விட்டார். சோதனையாக நடந்த காலம் எட்டே ஆண்டுகள். பள்ளி மட்டும் சிகாகோ பல்கலைக்கழகத்தின் ஆய்வகப் பள்ளிகள் என்ற பெயரில் இன்றும் நடக்கிறது.

இந்த முறையைப் பின்பற்ற விரும்பும் சிறு பள்ளிக்கு அந்த எட்டு ஆண்டுகள் சொல்வது இது. ஆசிரியரைத் தேர்ந்தெடுக்கும்போது பட்டத்தோடு, அவர் கையால் என்ன செய்யத் தெரிந்தவர், இதற்கு முன் எங்கே உழைத்தவர் என்றும் பார்க்க வேண்டும். தெரியாத கேள்வியைத் தெரிந்த சக ஆசிரியரிடம் கொண்டுபோகும் பழக்கம் அவருக்கு வேண்டும். அப்படிக் கொண்டுபோய்ப் பேசுவதற்கான நேரத்தை, வகுப்பு நேரத்தைப் போலவே, கால அட்டவணையில் பள்ளி ஒதுக்கித் தர வேண்டும்.