தேரும் முட்டுக்கட்டையும்

விக்கிரமங்கலம் வட்டாரத்து மக்கள் வடம் பிடிக்கும் மரத்தேருக்கு எஞ்சினும் இல்லை, ஸ்டியரிங்கும் இல்லை. இழுப்பது ஊரார், நிறுத்துவதும் திருப்புவதும் முட்டுக்கட்டை போடுபவர்கள். உருளும் சக்கரத்தின் முன் ஆப்பு வடிவக் கட்டையைச் செருகுவார்கள். இரு பக்கமும் கொடுத்தால் தேர் நிற்கும். வலப்பக்கம் மட்டும் கொடுத்தால் முகப்பு வலப்பக்கம் திரும்பும்.

கட்டை முந்தி விழுந்தால் ஓட்டத்தின் விறுவிறுப்பு போய்விடும், பிந்தினால் ஆபத்து. மெல்போர்ன் லூனா பார்க்கில் 1912இல் தொடங்கிய மர ரோலர் கோஸ்டரிலும் இதே கணக்குதான்: வண்டியிலேயே நிற்கும் பிரேக்காளர் சரிவுகளில் வேகத்தை அளந்து விடுகிறார்.

தேரின் மரம் வெயிலில் சுருங்கும், ஈரத்தில் உப்பும், மூட்டுகள் தளரும். அதனால் திருவிழாவுக்கு முன் தச்சர்கள் இணைப்புகளை இறுக்கி, அச்சுக்கு மசகு போடுகிறார்கள். பொதுப்பணித் துறைப் பொறியாளர்கள் உறுதித்தன்மையைச் சோதிக்கிறார்கள்.

96 அடி உயரமும் சுமார் 300 டன் எடையும் கொண்ட திருவாரூர் ஆழித்தேருக்குத் திருச்சி பெல் நிறுவனம் இரும்புச் சக்கரங்களும் ஹைட்ராலிக் பிரேக்கும் பொருத்தியது. ஆனால் வீதி முனையில் அதைத் திருப்ப இன்றும் கிரீஸ் தடவிய இரும்புத் தகடுகளும் முட்டுக்கட்டைகளும் வேண்டும்.

தேரோட்டத்தின்போது சக்கரங்களுக்கு அருகில் செல்லாதீர்கள். கட்டை போடுபவர்களுக்கு வழி விடுங்கள்.