குடல் கூப்பிடும்போது போய்விடுங்கள்

“காலையில் எழுந்ததும் நாலு டம்ளர் வெந்நீர் குடிக்கிறேன், ராத்திரி வாழைப்பழம் சாப்பிடுகிறேன். அப்படியும் இரண்டு நாளைக்கு ஒரு தடவைதான் போகிறது. குடலில் பழைய மலம் கிலோ கணக்கில் ஒட்டிக்கொண்டிருக்கும், இந்தப் பொடி ஒரே ராத்திரியில் எல்லாவற்றையும் இறக்கிவிடும் என்று வாட்ஸ்அப்பில் வீடியோ வந்தது. வாங்கலாமா?” என்று வாசகர் ஒருவர் கேட்டிருக்கிறார்.

வாங்க வேண்டாம். முதலில், இரண்டு நாளைக்கு ஒரு தடவை போவது நோயே அல்ல. நாளைக்கு மூன்று தடவையில் தொடங்கி வாரத்துக்கு மூன்று தடவை வரை எல்லாமே இயல்பு என்றுதான் மருத்துவம் சொல்கிறது. முக்கி முனகிப் போவது, கட்டி கட்டியாகப் போவது, போய் வந்த பிறகும் மிச்சம் இருப்பதுபோல் தோன்றுவது, இவைதான் மலச்சிக்கல். அடுத்து, அந்த ஒட்டிக்கொண்ட பழைய மலம். குடலின் உட்சுவரில் இருக்கும் செல்கள் சில நாட்களுக்கு ஒருமுறை உதிர்ந்து புதிதாக முளைப்பவை. அதன்மேல் வருடக்கணக்கில் எதுவும் படிந்து கிடக்க வழியில்லை.

இனி வெந்நீருக்கு வருவோம். நாம் ஒரு நாளில் குடிப்பதும் உண்பதிலிருந்து கிடைப்பதுமாகச் சுமார் 2 லிட்டர் நீர் உள்ளே போகிறது. எச்சில், இரைப்பைநீர், பித்தநீர், கணையநீர், குடல்நீர் என்று உடம்பே இன்னும் 7 லிட்டரைச் சுரந்து அதோடு சேர்க்கிறது. இந்த 9 லிட்டரில் பெரும்பகுதியைச் சிறுகுடலே உறிஞ்சிவிட, பெருங்குடலை எட்டுவது ஒன்றரை லிட்டர்போல. கடைசியில் மலத்தோடு வெளியேறுவது 100 முதல் 200 மில்லி மட்டுமே. ஆகவே அதிகமாக ஊற்றும் நாலு டம்ளர் மலத்தில் சேராது. ரத்தத்தில் கலந்து சிறுநீராகப் போய்விடும். வெயிலில் வேலை செய்து உடம்பில் நீர் வற்றியவர்களுக்குத் தண்ணீர் கண்டிப்பாக உதவும். மற்றவர்களுக்குத் தண்ணீர் மட்டும் போதாது.

அப்படியானால் காலையில் எதையாவது குடித்தவுடன் பலருக்கு வயிறு கலகலக்கிறதே, அது எப்படி? நான் அதிகம் ரசிக்கும் இடம் இதுதான்.

பெருங்குடல் இரவில் கிட்டத்தட்டத் தூங்குகிறது. பகலிலும் அதன் வேலை பெரும்பாலும் உள்ளே இருப்பதை முன்னும் பின்னும் புரட்டி, நீரை உறிஞ்சுவதுதான். ஆனால் ஒரு நாளில் சில தடவை மட்டும் ஒரு பெரிய அலை எழுந்து, இருப்பதையெல்லாம் வெகுதூரம் முன்னால் தள்ளிக்கொண்டு போகிறது. இந்த அலைகள் நினைத்த நேரத்தில் வருவதில்லை. தூங்கி எழுந்தவுடனும் சாப்பிட்ட பிறகும்தான் அதிகம் வருகின்றன. இரைப்பை நிறைந்து விரியும்போது நரம்புகள், ஹார்மோன்கள் வழியாகச் சேதி கீழே போகிறது. பெருங்குடல் அசைந்து கொடுக்கிறது. காலைச் சாப்பாட்டை விட்டுவிட்டு ஓடுகிறவர் அந்த நாளின் வலுவான உந்துதலைத் தாமே கைவிடுகிறார்.

காபி இல்லாமல் காலைக்கடன் கழியாது என்று சொல்பவர்கள் நம்மிடையே ஏராளம். அது வெறும் பழக்கதோஷம் அல்ல. 1990-இல் பிரிட்டனில் நடந்த ஒரு சோதனையில், காபி குடித்த சிலருக்கு நான்கே நிமிடத்தில் பெருங்குடலின் கீழ்ப்பகுதி வேகமாகச் சுருங்கத் தொடங்கியது. காஃபின் நீக்கிய காபிக்கும் அதே விளைவு, வெந்நீருக்கு இல்லை. நான்கு நிமிடத்தில் காபி பெருங்குடல்வரை போயிருக்க முடியாது. மேலேயிருந்து தகவல்தான் போயிருக்கிறது.

அலை தள்ளிக்கொண்டுவந்தது மலக்குடலில் இறங்கும்போது என்ன நடக்கிறது என்பதற்கு ஊர்ப்பக்கத்து டவுன்பஸ்ஸை நினைத்துக்கொள்ளலாம். காலை முதல் பஸ் வந்து நிற்கிறது. ஆசனவாயில் இரண்டு சுருக்குத்தசைகள் உண்டு. உள்தசைதான் கண்டக்டர். அவர் நம் பேச்சைக் கேட்பதில்லை. மலக்குடல் விரிந்ததும் அவர் தாமாகவே கதவைக் கொஞ்சம் தளர்த்துகிறார். அந்தச் சில விநாடிகளில், உள்ளே இருப்பது ஆசனவாயின் மேல்பகுதித் தோலைத் தொடுகிறது. விரல்நுனிக்கு ஈடான உணர்வு நரம்புகள் அங்கே இருக்கின்றன. வந்திருப்பது காற்றா, நீரா, கட்டியா என்று தரம் பிரித்து மூளைக்குச் சொல்லிவிடுகின்றன. இதை நாம் அறியாமலே ஒரு நாளில் பல தடவை செய்கிறோம். மனித உடம்பில் இவ்வளவு நுட்பமான சோதனைச்சாவடி வேறெங்கும் இருப்பதாக எனக்குத் தெரியவில்லை. வெளித்தசைதான் டிரைவர், அது நம் கட்டுப்பாட்டில் உள்ளது. “இப்போது வேண்டாம், மீட்டிங் இருக்கிறது” என்று நாம் இறுக்கினால் பஸ் காலியாகவே கிளம்பிவிடும். மலக்குடல் தளர்ந்து கொடுக்கும், உந்துதல் அடங்கும், சில நிமிடத்தில் அப்படி ஒன்று வந்ததே மறந்துபோகும். பயணிகளோ நிழற்குடை இல்லாத நிறுத்தத்தில் அடுத்த பஸ்வரை காய வேண்டும். பெருங்குடல் விடாமல் நீரை உறிஞ்சிக்கொண்டே இருக்கும். சாயங்காலப் பஸ் வரும்போது அவர்கள் உலர்ந்து இறுகி, படியேற முடியாமல் கிடப்பார்கள். இப்படியே மாதக்கணக்கில் திருப்பி அனுப்பினால் மலக்குடல் விரிந்து பழகிவிடுகிறது. அதன்பிறகு பஸ் வந்து ஹாரன் அடித்தாலும் காதில் விழாது.

பெரியவர்களைவிடக் குழந்தைகள்தான் இதில் மாட்டிக்கொள்கிறார்கள். ஒரு தடவை கட்டியாகப் போய் வலித்துவிட்டால், அடுத்த தடவை அந்தப் பயத்திலேயே அடக்குகிறார்கள். மூலையில் நின்று, காலைப் பின்னிக்கொண்டு, முகம் சிவக்க விறைக்கும் குழந்தை முக்குகிறது என்று தாய் நினைப்பார். உண்மையில் அது வெளியே விடாமல் இறுக்கிக்கொண்டிருக்கிறது. உள்ளே கட்டி பெரிதாகி அடைத்துக்கொண்டால் அதன் ஓரமாக நீர்போல் கசிந்து ஜட்டி கறைபடும். வயிற்றுப்போக்கு என்று நினைத்துப் பலர் அதை நிறுத்த மருந்து கொடுக்கிறார்கள். தேவைப்படுவதோ நேர் எதிரானது. அந்தப் பிள்ளையைத் திட்டாமல் குழந்தை மருத்துவரிடம் கூட்டிப்போங்கள்.

உட்காரும் முறைக்கும் பங்குண்டு. மலக்குடலைச் சுற்றி ஒரு தசை வார் போட்டதுபோல் முன்பக்கமாக இழுத்துக் கட்டியிருக்கிறது. நிற்கும்போது குழாய் அங்கே மடங்கி நிற்கும். குந்தும்போது அந்த மடிப்பு நிமிர்கிறது. இஸ்ரேலில் 28 பேரை வைத்துப் பார்த்த ஒரு சிறு ஆய்வு 2003-இல் வெளிவந்தது. குந்தியவர்களுக்குச் சராசரியாக 51 விநாடி பிடித்தது, வழக்கமான உயரமுள்ள கோப்பையில் உட்கார்ந்தவர்களுக்கு 130 விநாடி. 28 பேரை வைத்து உலகத்துக்கே தீர்ப்பு எழுத முடியாதுதான். ஆனாலும் வெஸ்டர்ன் டாய்லெட்டில் காலுக்கு ஒரு சிறு மணை போட்டுக்கொண்டு, சற்று முன்னால் சாய்ந்து உட்கார்வதில் செலவும் இல்லை, தீங்கும் இல்லை. மூட்டுவலிக்காரர்கள் குந்தித் துன்பப்பட வேண்டாம்.

அடுத்து நார்ச்சத்து. ஒரு டம்ளர் தண்ணீரில் ஒரு ஸ்பூன் இசப்கோல் உமியைப் போட்டு வைத்துப் பாருங்கள். சில நிமிடத்தில் தவிட்டுத் துகள்போல் மிதந்தவை வீங்கி ஒன்றோடொன்று சேர்ந்து, டம்ளரைச் சாய்த்தாலும் அசையாத கொழகொழப்பாகும். அந்தப் பிடி பெருங்குடலிலும் விடாது. அங்குள்ள பாக்டீரியாக்களால் அதைப் பெரிதாகச் சிதைக்க முடிவதில்லை என்பதால், நீரைப் பிடித்தபடியே கடைசிவரை போகிறது. தண்ணீரால் மட்டும் ஆகாதது தண்ணீரைப் பிடித்து வைக்கும் பொருளால் ஆகிறது. கலக்கியவுடன் குடித்துவிட வேண்டும், மேலே இன்னொரு டம்ளர் தண்ணீரும் வேண்டும். உலர்ந்தபடி விழுங்கினால் தொண்டையில் வீங்கி அடைத்துக்கொள்ளும். நாளைக்கு 25 முதல் 30 கிராம் நார்ச்சத்து வேண்டும் என்பார்கள். தீட்டிய அரிசிச் சோறும் இட்லியும் அதைத் தருவதில்லை. கீரை, அவரை, கொத்தவரை, தோலோடு பயறு, கேழ்வரகு, கொய்யா எல்லாம் தரும். ஒரே நாளில் ஏற்றினால் வயிறு உப்பும், ஆகவே இரண்டு வாரம் எடுத்துக்கொண்டு கூட்டுங்கள்.

வாசகர் கேட்ட பொடிக்கு வருகிறேன். இப்படி விற்கும் பொடிகளில் பலவற்றில் வேலை செய்யும் சரக்கு நிலவாரை. நம் திருநெல்வேலிச் சீமையின் பெயரையே உலக மருந்து வணிகத்தில் தாங்கி நிற்கும் இலை அது. நல்ல மருந்துதான், ஆங்கில மருத்துவத்திலும் மாத்திரையாக இருக்கிறது. அதன் சத்து சிறுகுடலைச் சும்மா கடந்து, பெருங்குடல் பாக்டீரியாக்கள் உடைத்த பிறகே வேலை தொடங்குகிறது. அதனால்தான் ராத்திரி குடித்தால் விடியற்காலை போகிறது. வயிற்றுக்குள் கிலோ கணக்கில் எதையும் கண்டுபிடித்து இறக்குவதில்லை. இயற்கை என்று எழுதி, அளவு எழுதாமல் விற்பதுதான் இதில் ஆபத்து.

குடலில் தேங்கும் மலம் விஷமாகி ரத்தத்தில் கலக்கிறது என்ற பேச்சும் புதிதல்ல. நூறு வருடத்துக்கு முன் லண்டனில் ஆர்பத்நாட் லேன் என்ற பேர்பெற்ற அறுவை மருத்துவர் இதை நம்பி, மலச்சிக்கல்காரர்களின் பெருங்குடலையே வெட்டி எடுத்தார். 1919-இல் அமெரிக்க மருத்துவர் வால்டர் ஆல்வாரெஸ், தலைவலியும் சோர்வும் விஷத்தால் அல்ல, மலக்குடல் விரிந்து நிற்பதால்தான் என்று காட்டினார். பேதிக்குப் போனதும் சில நிமிடத்தில் தலை தெளிகிறதே, விஷம் அவ்வளவு வேகமாக ரத்தத்தைவிட்டு இறங்குமா என்பதே அவர் வாதம். வரலாறு இவ்வளவு போதும்.

மலத்தில் ரத்தம், காரணமில்லாத எடைக்குறைவு, ஐம்பது வயதை ஒட்டித் திடீரென மாறிய பழக்கம், வயிறு உப்பி வாந்தியோடு காற்றுகூடப் பிரியாத நிலை, இவற்றுக்கு வீட்டு வைத்தியம் பார்க்காமல் மருத்துவரிடம் போங்கள். இரும்புச்சத்து மாத்திரை, சில வலி மருந்துகள், தைராய்டு குறைவு ஆகியவையும் மலச்சிக்கலைத் தரும் என்பதை அவரிடம் நினைவுபடுத்துங்கள்.

மற்றவர்கள் நாளை காலை சாப்பிட்டவுடன் பத்து நிமிடம் அவசரமில்லாமல் கழிப்பறையில் உட்காருங்கள். கைப்பேசியை வெளியே வைத்துவிட்டுப் போங்கள். ஆசிரியர்களுக்கு ஒரு வேண்டுகோள்: வகுப்பின் நடுவில் கை தூக்கும் பிள்ளையை “பெல் அடிக்கட்டும்” என்று உட்காரவைக்காதீர்கள். பள்ளிக் கழிப்பறையில் தாழ்ப்பாளும் தண்ணீரும் இருக்கிறதா என்று பெற்றோர் அடுத்த கூட்டத்தில் எழுந்து கேளுங்கள்.