உடற்பயிற்சி மிஷின் வாங்கப் போகிறீர்களா?

ரயில்வேயில் எஞ்சினீயராக இருந்து ஓய்வு பெற்றவன் என்று தெரிந்தால் போதும், மிக்ஸி முதல் லிப்ட் வரை எல்லாவற்றுக்கும் நம் சங்கத்து அன்பர்கள் என்னிடம் யோசனை கேட்பது வழக்கம். சமீப காலமாக அடிக்கடி வரும் கேள்வி இது: "சார், உடம்பு கொஞ்சம் போட்டுவிட்டது. வீட்டிலேயே பயிற்சி செய்ய ஏதாவது மிஷின் வாங்கலாம் என்று இருக்கிறோம். எது நல்லது? ரொம்ப விலையில்லாமல் சொல்லுங்கள்."

இதே கேள்வியை 2022-ஆம் வருஷம் கேட்டிருந்தால் நான் தவறான பதில் சொல்லியிருப்பேன். அந்த வருஷம் ஜூன் மாதம், மழை பிடிக்கும் சமயம், என் மனைவிக்குச் சர்க்கரை எல்லை தாண்டியிருப்பது தெரிந்தது. முழங்கால் வலி ஏற்கெனவே உண்டு. "தினம் அரை மணி நடங்கள், ஐந்தாறு கிலோ குறையுங்கள்" என்றார் டாக்டர். டோம்பிவிலி மழையில், சேற்றிலும் குழியிலும் முழங்கால் வலிக்காரி எங்கே நடப்பது? நான் கடைக்குப் போய் 32,000 ரூபாய் கொடுத்து ஒரு டிரெட்மில் வாங்கி வந்துவிட்டேன். மோட்டார் எத்தனை குதிரைசக்தி, பெல்ட் எத்தனை அகலம், எத்தனை கிலோ தாங்கும் எல்லாம் பார்த்தேன். அதில் நடக்க வேண்டியவளை மட்டும் கடைக்கு அழைத்துப் போய் ஒரு தரம் ஏற்றிப் பார்க்கவில்லை.

பெல்ட் நகர ஆரம்பித்ததும் அவள் இரண்டு கைகளாலும் கம்பியை இறுகப் பிடித்துக்கொண்டாள். "தரை ஓடுகிறது, எனக்குத் தலை சுற்றுகிறது" என்றாள். பழகிவிடும் என்றேன். நாலாம் நாள் கால் இடறி, நல்ல வேளையாகக் கீழே விழவில்லை. அதற்குப் பிறகு அவள் ஏறவேயில்லை. ஆகஸ்டு மாதம் அதன் மேல் துணி உலர்ந்துகொண்டிருந்தது. அடுத்த வருஷம் 10,000 ரூபாய்க்கு விற்றேன். பணம் போனதுகூடப் பெரிதில்லை. சர்க்கரைக்காரிக்கு ஒரு முழு வருஷத்தை என் அவசரத்தால் வீணாக்கினேன். அதனால்தான் யார் கேட்டாலும் இப்போது நான் முதலில் திருப்பிக் கேட்பது, "யார் உபயோகிக்கப் போகிறார்கள்?" என்பது.

மிஷின்களைப் பற்றிப் பேசுமுன் கொஞ்சம் கணக்குப் பார்த்துவிடலாம். 70 கிலோ எடையுள்ள ஒருவர் மணிக்கு 5 கிலோமீட்டர் வேகத்தில் ஒரு மணி நேரம் நடந்தால் சுமார் 250 கிலோ கலோரி செலவாகும். சும்மா நாற்காலியில் உட்கார்ந்திருந்தாலே அதில் 70 போலச் செலவாகியிருக்கும் என்பதையும் நினைவில் வைக்க வேண்டும். ஸ்டேஷன் வாசலில் நின்று சாப்பிடும் ஒரு வடா பாவ் ஏறக்குறைய 300 கிலோ கலோரி. உடம்பில் உள்ள ஒரு கிலோ கொழுப்பு கரைய 7,700 கிலோ கலோரி வேண்டும். அதாவது, சாப்பாட்டில் எதையும் மாற்றாமல் தினம் ஒரு மணி நேரம் நடந்தால், ஒரு கிலோ குறைய ஒரு மாதத்துக்கு மேல் ஆகும். கடைக்காரர் காட்டும் விளம்பரப் படத்தில் இந்தக் கணக்கு இருக்காது.

அப்படியானால் பயிற்சி வீணா? இல்லை. எடை குறைவது பெரும்பாலும் தட்டில்தான். ஆனால் இதயம், ரத்த அழுத்தம், சர்க்கரை, கால் பலம், தூக்கம் எல்லாம் பயிற்சியால் சீராகும், எடை அசையாவிட்டாலும்கூட. சாப்பிட்ட பிறகு பத்துப் பதினைந்து நிமிஷம் நடந்தாலே, சாப்பாட்டுக்குப் பின் ஏறும் சர்க்கரை ஓரளவு மட்டுப்படுகிறது. உலக சுகாதார நிறுவனம் 2020-இல் வெளியிட்ட வழிகாட்டியில் வாரத்துக்கு 150 முதல் 300 நிமிஷம் மிதமான பயிற்சியும், வாரத்தில் குறைந்தது இரண்டு நாள் தசைகளுக்குப் பலம் தரும் பயிற்சியும் சொல்லியிருக்கிறது. 65 வயதுக்கு மேற்பட்டவர்கள் விழாமலிருக்க வாரம் மூன்று நாள் நிலை தடுமாறாமை பழக வேண்டும் என்றும் சொல்கிறது. இவற்றை நிறைவேற்றத்தான் சாதனம்.

ஆகவே முதலில் வாங்க வேண்டியது தையற்காரர் நாடா. விலை இருபது முப்பது ரூபாய். விலா எலும்பின் கீழ் விளிம்புக்கும் இடுப்பு எலும்புக்கும் நடுவே சுற்றி அளந்து பாருங்கள். நம் இந்திய உடம்புக்கு, ஆண்கள் 90 செ.மீ., பெண்கள் 80 செ.மீ. தாண்டினால் கவனிக்க வேண்டும் என்பது டாக்டர்கள் சொல்லும் எல்லை. தராசு நகராத மாதங்களிலும் நாடா நகர்வதுண்டு.

இனி டிரெட்மில். என்னைப் போல் ஏமாறாதவர்களுக்கு அது நல்ல சாதனம்தான். நடந்து பழகியவர்கள், தலை சுற்றாதவர்கள் தாராளமாக வாங்கலாம். ஆனால் குதிரைசக்தி விஷயத்தில் ஜாக்கிரதை. ரயில் எஞ்சின் மோட்டார்களுக்கு நாங்கள் இரண்டு ரேட்டிங் எழுதுவோம். தொடர்ந்து எத்தனை நேரம் ஓடினாலும் தாங்கும் சக்தி ஒன்று, ஒரு மணி நேரம் மட்டும் தாங்கும் சக்தி இன்னொன்று. டிரெட்மில் பெட்டியில் கொட்டை எழுத்தில் போட்டிருப்பது பெரும்பாலும் மூன்றாவது ரகம். பீக், அதாவது ஒரு கணம் மட்டும் எட்டிப் பார்க்கும் சக்தி. "கன்டினியுவஸ் எத்தனை?" என்று கேளுங்கள். பதில் சொல்லத் தெரியாத கடையில் வாங்க வேண்டாம். நடப்பதற்கு மட்டும் என்றால் தொடர்ந்து ஒன்றரை குதிரைசக்தி போதும். ஓடுவதற்கு இரண்டு, இரண்டரை வேண்டும். ஒரு குதிரைசக்தி 746 வாட். நம் வீட்டு 6 ஆம்பியர் பிளக் தாங்குவது சுமார் 1,380 வாட். ஆகவே 16 ஆம்பியர் பவர் பிளக்கில் மட்டுமே செருக வேண்டும், எக்ஸ்டென்ஷன் பெட்டியில் கூடாது. பெல்ட்டின் அடியில் சிலிக்கான் எண்ணெய் மட்டும் விட வேண்டும். தையல் மிஷின் எண்ணெய் விட்டு பெல்ட்டைக் கெடுத்துக்கொண்ட ஒரு அன்பர் எங்கள் கட்டிடத்திலேயே இருக்கிறார்.

பேரக்குழந்தைகள் வந்து போகும் வீடானால், உபயோகிக்காத நேரத்தில் பாதுகாப்புச் சாவியை எடுத்து உயரத்தில் வைத்துவிடுங்கள். ஓடும் பெல்ட்டில் பிஞ்சுக் கை பட்டால் தோல் உரிந்துவிடும். இன்னொன்று, கீழ் வீட்டுக்காரர். நடக்கும்போது தரையில் விழும் பளு நம் எடையைவிடச் சற்றே அதிகம்; ஓடும்போது அது எடையைப்போல் இரண்டு, மூன்று மடங்கு. காலை ஐந்தரைக்கு அவர் தலைக்கு மேல் மூன்று மடங்கு எடையில் தாளம் போட்டால் சொஸைட்டி மீட்டிங்கில் பதில் சொல்ல வேண்டிவரும். கயிறு தாண்டுவதற்கும் இதே கதிதான். கயிறு நூறு ரூபாய்க்குக் கிடைக்கும் அருமையான சாதனம். ஆனால் முழங்கால் நன்றாக இருக்கும் இளைஞர்களுக்கு, அதுவும் மொட்டை மாடியில்.

மோட்டார் இல்லாத டிரெட்மில் மலிவாகக் கிடைக்கிறது. வேண்டாம். பெல்ட்டைக் காலால் தள்ளிக்கொண்டே நடக்க வேண்டும். முழங்காலுக்கும் இடுப்புக்கும் நல்லதல்ல.

நம்மில் பலருக்குப் பொருத்தமானது நின்ற இடத்திலேயே ஓட்டும் சைக்கிள்தான் என்பது என் அபிப்பிராயம். முழங்காலில் உடம்பின் பாரம் விழுவதில்லை, சத்தம் கிடையாது, பிளக் வேண்டாம், விழும் பயமில்லை. இதில் இரண்டு வகை உண்டு. ஒன்றில் சக்கரத்தை ஒரு பட்டையோ கட்டையோ உராய்ந்து பிடிக்கும். விலை குறைவு, ஆனால் பட்டை தேயும், சத்தமும் போடும். மற்றதில் சக்கரத்தின் அருகே காந்தம் இருக்கும். உலோகச் சக்கரம் காந்தத்தைக் கடந்து சுழலும்போது அதற்குள் சுழல் மின்சாரம் உண்டாகி, அதுவே பிரேக் போல இழுத்துப் பிடிக்கும். ஒன்றையொன்று தொடுவதில்லை; ஆகவே தேய்மானம் இல்லை. இரண்டாயிரம், மூவாயிரம் அதிகமானாலும் காந்த வகையையே வாங்குங்கள். சுழலும் சக்கரம் கனமாக இருந்தால் ஓட்டம் வெட்டி வெட்டி இழுக்காமல் சீராக இருக்கும். சீட்டை, கீழே போன பெடலில் கால் வைத்தால் முழங்கால் லேசாக மடங்கியிருக்கும் உயரத்தில் வையுங்கள். சீட் தாழ்வாக இருந்தால் முட்டி வலிக்கும். பிறகு பழி சைக்கிள் மேல் விழும். முதுகுக்குச் சாய்மானம் உள்ளது வயதானவர்களுக்கு உத்தமம். அதுவும் முடியாதவர்களுக்கு, நாற்காலியில் உட்கார்ந்தபடி மிதிக்கும் வெறும் பெடல் சாதனம் இரண்டாயிரம் ரூபாய் அளவில் கிடைக்கிறது. வழுவழுப்பான டைல்ஸ் தரையில் அது நழுவி ஓடும். அடியில் ரப்பர் விரிப்புப் போட வேண்டும்.

பிரித்த நிலையில் வரும் சைக்கிளை வீட்டில் பூட்டுகிறவர்களுக்கு ஒரு எச்சரிக்கை. இடது பெடலுக்கு எதிர் மரை. வலது பெடலைக் கடிகார முள் திசையில் திருக வேண்டும், இடது பெடலை அதற்கு எதிர்த் திசையில். இது தெரியாமல் பலத்தைக் காட்டி மரையைக் கெடுத்துவிட்டு, பொருள் சரியில்லை என்று திருப்பி அனுப்புகிறவர்கள் பலர்.

பழைய சைக்கிள் வாங்குவதில் கௌரவக் குறைச்சல் எதுவும் இல்லை. மாற்றல் ஆகிப் போகிற குடும்பங்கள் பாதி விலைக்குக் கொடுத்துவிட்டுப் போகின்றன, பலவும் அதிகம் மிதிக்கப்படாதவை. கையால் பெடலைச் சுற்றிக் காது கொடுத்துக் கேளுங்கள். கரகரவென்றால் பேரிங் போய்விட்டது. பெடல் தண்டைப் பக்கவாட்டில் ஆட்டிப் பாருங்கள், ஆடக் கூடாது. சைக்கிளைத் தரையில் வைத்து ஏறி உட்கார்ந்து, நாலு காலும் தரையில் பதிகிறதா என்று பாருங்கள். மீட்டர் வேலை செய்யாவிட்டால் விலையைக் குறைத்துக் கேளுங்கள். அது காட்டும் கலோரி எப்படியும் நம்பத் தகுந்ததல்ல. பெரும்பாலான மீட்டருக்கு உங்கள் எடையே தெரியாது.

வயிற்றைக் குலுக்கும் பெல்ட், வியர்க்க வைக்கும் பட்டை, படுத்து எழுந்தால் தொப்பை கரையும் என்று சொல்லும் வில் வைத்த சாதனம் இவற்றைப் பற்றி அதிகம் எழுதப் போவதில்லை. குலுக்கினால் கொழுப்பு கரையாது. வியர்த்துக் குறைந்த எடை இரண்டு தம்ளர் தண்ணீரில் திரும்பி வந்துவிடும். வயிற்றுக்குப் பயிற்சி செய்தால் வயிற்றுத் தசை பலப்படும். அதன் மேலுள்ள கொழுப்பு அங்கிருந்து மட்டும் போகாது.

தசைகளுக்குப் பலம் தர ஆயிரம், ஆயிரத்து ஐந்நூறுக்குள் வேண்டியதை வாங்கிவிடலாம். ரெசிஸ்டன்ஸ் பாண்ட் என்று கேட்டால் ரப்பர் பட்டைகள் தருவார்கள். இலேசானது, நடுத்தரம், கனமானது என்று மூன்றும் உள்ள செட்டாக வாங்குங்கள். பால்கனி வெயிலில் மாட்டி வைத்தால் ரப்பர் வெடித்துவிடும். ரயில் பெட்டிகளின் பிரேக் ஹோஸ் பைப்பை வெடிப்பு இருக்கிறதா என்று பார்ப்பதுபோல, உபயோகிக்குமுன் பட்டையை ஒருமுறை இழுத்துப் பாருங்கள். அறுந்தால் முகத்தில் அடிக்கும். டம்பெல்லில் மலிவானது பிளாஸ்டிக் உறைக்குள் சிமெண்ட் அடைத்தது. கீழே விழுந்தால் உள்ளே நொறுங்கும். ரப்பர் பூசிய இரும்பு, விலை கூடினாலும் பேரன் காலம் வரை வரும். ஆரம்பத்தில் அதுவும் வேண்டாம். தண்ணீர் நிரப்பிய ஒரு லிட்டர் பாட்டில் ஒரு கிலோ. மாதா மாதம் வாங்கும் 5 கிலோ ஆட்டா பையை மார்போடு அணைத்துக்கொண்டு நாற்காலியில் உட்கார்ந்து எழுந்து பாருங்கள், பத்துத் தரத்தில் தெரியும். தண்டாலைத் தரையில் எடுக்க முடியாதவர்கள் சுவரில் கை ஊன்றி எடுக்கலாம். மூச்சை மட்டும் அடக்கக் கூடாது, ரத்த அழுத்தம் ஏறும். நம் ஊர்க் கர்லாக்கட்டைக்கு இங்கே முத்கல் என்று பெயர். அதைச் சுழற்றுவது 1904, 1932 ஒலிம்பிக்கில் போட்டியாகவே இருந்தது. வீட்டுக்குள் சுழற்றினால் ட்யூப் லைட் போகும்.

வாடகை வீட்டில் இருப்பவர்களுக்கு இன்னொரு வார்த்தை. பதினோரு மாத ஒப்பந்தத்தில் இருக்கிறோம். 50, 60 கிலோ டிரெட்மில்லை ஒவ்வொரு தடவையும் தூக்கிப் போக முடியுமா? வாங்குமுன் லிப்டின் கதவையும் வீட்டு வாசலையும் அளந்துவிடுங்கள். சுவரில் துளை போட்டு மாட்டும் கம்பிக்கு வீட்டுக்காரர் டெபாசிட்டில் கை வைப்பார்.

படிக்கட்டு இருக்கிறதே, அதற்குக் காசு வேண்டாமே என்பார்கள். உண்மை. 70 கிலோ ஆள் நாலு மாடி ஏறினால் செலவாவது ஒன்பது, பத்துக் கிலோ கலோரி. ஒரு மாரி பிஸ்கட்டில் பாதிகூட இல்லை. ஆனால் மூச்சு வாங்குகிறதே, அதுதான் இதயத்துக்கு நல்லது. முழங்கால் வலிக்காரர்கள் ஏறும்போது படியிலும் இறங்கும்போது லிப்டிலும் வரலாம். இறங்குவதுதான் மூட்டை அதிகம் படுத்தும்.

இதயக் கோளாறு, ரத்த அழுத்தம், சர்க்கரை உள்ளவர்கள் ஆரம்பிக்குமுன் தங்கள் டாக்டரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட வேண்டும். இன்சுலினும் சில சர்க்கரை மாத்திரைகளும் எடுப்பவர்களுக்குப் பயிற்சியின்போது சர்க்கரை சட்டென்று இறங்கக்கூடும். கையெட்டும் தூரத்தில் கொஞ்சம் வெல்லமோ சர்க்கரையோ இருக்கட்டும்.

டிரெட்மில் விற்ற பணத்தில் 4,500 ரூபாய்க்கு, பெங்களூருக்கு மாற்றலாகிப் போன ஒரு குடும்பத்திடமிருந்து சைக்கிள் வாங்கினோம். இந்தத் தடவை அவளே ஏறி உட்கார்ந்து, மிதித்துப் பார்த்து, சீட் உயரத்தைச் சொல்லி வாங்கினாள். டி.வி.க்கு எதிரில் போட்டிருக்கிறோம். அரிசியைக் குறைத்ததும் சேர்ந்து, ஒன்றரை வருஷத்தில் நாலு கிலோ குறைந்தது. முழங்கால் வலி அடியோடு போய்விடவில்லை. ஆனால் ஸ்டேஷன் பாலத்தில் நடுவில் நின்று மூச்சு வாங்குகிறவள் இப்போது நான்தான் பின்தங்குகிறேன் என்கிறாள். எங்கள் சைக்கிளில் ஏறிப் பார்த்துவிட்டு முடிவு செய்ய நினைக்கும் அன்பர்கள் எந்த மாலையும் வரலாம். எட்டு மணியிலிருந்து எட்டரை வரை மட்டும் சீரியல் நேரம். சைக்கிள் காலியாக இருக்காது.