மூக்கடைப்பா, மூக்கு வறட்சியா?

ஊருக்கு ஊர் குளம், எட்டும் தூரத்தில் கடல், வருடத்துக்கு இரண்டு மழைக்காலம். இப்படிப்பட்ட கன்னியாகுமரி மாவட்டத்தில் ஒருவருக்கு மூக்கு வறண்டு போகுமா என்று நீங்கள் கேட்கலாம். போகும். காலையில் எழுந்ததும் மூக்குக்குள் எரிச்சல், ஏதோ ஒட்டிக்கொண்டிருப்பது போன்ற உறுத்தல், விரலை விட்டால் காய்ந்த பொருக்கு, சில நாள் அதோடு ஒரு துளி இரத்தம். இவையெல்லாம் வறட்சியின் அடையாளங்கள்.

ஆனால் நம்மில் பலர் இதை வறட்சி என்று நினைப்பதில்லை. மூக்கடைப்பு என்று நினைத்து, மருந்துக்கடையில் அடைப்பு நீக்கும் சொட்டு மருந்தை வாங்கிப் போட்டுக்கொள்கிறோம். அது வறட்சியை இன்னும் கூட்டிவிடும். அதனால் முதலில் இந்தக் குழப்பத்தைத் தீர்த்துக்கொள்வோம்.

வறண்ட மூக்கு ஏன் அடைத்த மூக்கு போலத் தோன்றுகிறது?

மூக்கின் உட்புறம் எப்போதும் ஈரமாக இருக்கும். உள்ளே போகும் காற்று அந்த ஈரத்தின் மேல் படும்போது ஒரு குளிர்ச்சி உண்டாகும். அந்தக் குளிர்ச்சியை வைத்துத்தான் 'மூச்சு நன்றாகப் போகிறது' என்று நமக்குத் தெரிகிறது. ஈரம் குறைந்து பொருக்குத் தட்டினால் குளிர்ச்சி தெரியாது. வழி திறந்தே இருந்தாலும் அடைத்தது போல இருக்கும்.

வீட்டிலேயே சோதித்துப் பார்க்கலாம். ஒரு எவர்சில்வர் கரண்டியின் பின்பக்கத்தை மூக்கின் கீழே கிடையாகப் பிடித்து, வாயை மூடிக்கொண்டு மூச்சை விடுங்கள். இரண்டு பக்கமும் ஏறக்குறைய ஒரே அளவு ஆவி படிந்தால் வழி திறந்திருக்கிறது. ஒரு பக்கம் மட்டும் படியவே இல்லை என்றால் அந்தப் பக்கம் உண்மையான அடைப்பு இருக்கலாம். மருத்துவர்கள் காலங்காலமாகச் செய்துவரும் எளிய சோதனை இது. முடிவான தீர்ப்பு இல்லை என்றாலும் நல்ல குறிப்பு தரும்.

மூக்குக்கு ஈரம் எதற்கு?

நாம் ஒரு நாளில் சுமார் 10,000 லிட்டர் காற்றை உள்ளே இழுக்கிறோம். அது நுரையீரலுக்குப் போவதற்குள் உடம்பின் சூட்டுக்கு, அதாவது ஏறக்குறைய 37 டிகிரிக்கு வர வேண்டும். ஈரமும் ஏற வேண்டும். இந்த வேலையில் பெரும்பகுதியை மூக்கே செய்கிறது. அதோடு, உட்புறம் படர்ந்திருக்கும் சளிப்படலம் (வழவழப்பான மெல்லிய ஈரப் போர்வை) தூசியையும் கிருமியையும் பிடித்துக்கொள்ளும். கண்ணுக்குத் தெரியாத நுண்மயிர்கள் அதைப் பின்னால் தொண்டைப் பக்கமாகத் தள்ளிக்கொண்டே இருக்கும். படலம் காய்ந்தால் இந்த ஓட்டம் நின்றுவிடும். தூசி அங்கேயே தங்கிப் பொருக்காகும்.

சரி, ஈரமான நம் ஊரில் இது எப்படி வருகிறது?

முதல் காரணம் படுக்கையறை ஏசி. ஏசியின் குழாயிலிருந்து வெளியே தண்ணீர் சொட்டுவதைப் பார்த்திருப்பீர்கள். அது உங்கள் அறைக் காற்றிலிருந்து பிழிந்தெடுத்த ஈரம். 18 டிகிரியில் வைத்து எட்டு மணி நேரம் தூங்கினால், அந்தக் குளிர்ந்த காற்றைச் சூடாக்கி ஈரமாக்கும் வேலை முழுவதும் மூக்கின் தலையில் விழுகிறது. 2020 ஜனவரி முதல் நட்சத்திரக் குறியீடு பெற்ற அறை ஏசிகள் 24 டிகிரியில் தொடங்கும்படி அமைக்கப்பட வேண்டும் என்பது விதி. அது மின்சாரச் சிக்கனத்துக்காக வந்தது, மூக்குக்கும் நல்லது. 25 அல்லது 26-இல் வைத்து, காற்று நேராக முகத்தில் அடிக்காதபடி திருப்பிவிடுங்கள். மின்விசிறிக்கு நேர் கீழே வாயைத் திறந்து தூங்குகிறவர்களுக்கும் இதே தொல்லை வரும்.

இரண்டாவது காற்று. தென்மேற்குப் பருவக்காற்று விளவங்கோடு, கல்குளம் பக்கம் மழையைக் கொட்டிவிட்டு, ஆரல்வாய்மொழிக் கணவாய் வழியாகக் கிழக்கே பாய்கிறது. முப்பந்தலில் இத்தனை காற்றாலைகள் நிற்பதே அந்த வேகத்தை நம்பித்தான். ஆனி, ஆடியில் அந்தக் கணவாய்ச் சாலையில் தினமும் பைக்கில் போய்வருகிறவர் மூக்கு, கொடியில் போட்ட ஈரத்துணி காற்றில் காய்வதைப் போலக் காய்ந்துவிடும். காற்றோடு மண்ணும் வரும்.

மூன்றாவது, செய்யும் தொழில். முந்திரி ஆலையில் தொலி எரியும் புகை, கயிறு திரிக்கும் இடத்துத் தும்பு, செங்கல் சூளை, கல்குவாரித் தூள், கும்பப்பூ அறுப்பில் நெல் அடிக்கும்போது கிளம்பும் தூசி. இவை சளிப்படலத்தை நேராகவே புண்ணாக்கும். இந்த வேலைகளில் இருப்பவர்களில் பெண்கள் ஏராளம். தலைவலி, காய்ச்சலுக்குக்கூட விடுப்பு எடுக்காதவர்கள் மூக்கெரிச்சலையா பெரிதாக எடுத்துக்கொள்வார்கள்? எடுத்துக்கொள்ள வேண்டும். நன்றாகப் பொருந்தும் முகக்கவசம் தூசியைத் தடுப்பதோடு, வெளிவிடும் மூச்சின் ஈரத்தையும் ஓரளவு பிடித்து வைக்கும். வேலை முடிந்ததும் மூக்கை உப்புத் தண்ணீரால் கழுவுவது, கைகால் கழுவுவதைப் போலவே அன்றாடப் பழக்கமாக வேண்டும்.

வளைகுடாவில் வேலை பார்க்கும் உங்கள் வீட்டுப் பிள்ளைக்கும் இதைச் சொல்லுங்கள். வேலையிடத்தில் பாலைவனத்துத் தூசி, அறையில் இரவெல்லாம் ஓடும் ஏசி, ஊருக்கு வரப் போகப் பயணம். விமானத்துக்குள் காற்றின் ஈரப்பதம் பெரும்பாலும் 20 சதவிகிதத்துக்கும் கீழேதான். விமானம் ஏறும் முன்பும் இறங்கிய பின்பும் உப்புநீர்ச் சொட்டு போட்டுக்கொள்வது நல்லது.

மாத்திரையாலும் வறளுமா?

வறளும். தும்மலுக்கும் ஒவ்வாமைக்கும் (சிலருக்கு மட்டும் ஒத்துக்கொள்ளாத பொருளால் வரும் தொல்லை) சாப்பிடும் மாத்திரைகள் மூக்கு நீரைக் குறைக்கத்தான் செய்கின்றன. சிறுநீரை அதிகம் போக்கும் இரத்த அழுத்த மாத்திரைகள், சில மனநல மாத்திரைகளும் வறட்சி தரலாம். நீங்களாக நிறுத்திவிடாதீர்கள், எழுதித் தந்த மருத்துவரிடம் சொல்லுங்கள். மூக்குப்பொடி போடும் பெரியவர்கள் வீட்டில் இருந்தால், அவர்கள் மூக்கு எரிவதற்கு வேறு காரணம் தேட வேண்டியதில்லை.

அடைப்பு நீக்கும் சொட்டு மருந்தை ஏன் இவ்வளவு எச்சரிக்கிறேன்?

ஆக்சிமெட்டாசோலின், சைலோமெட்டாசோலின் என்று புட்டியில் எழுதியிருக்கும். இவை மூக்கின் இரத்தக்குழாய்களைச் சுருக்கி வழியைத் திறக்கின்றன. கடும் சளியில் மூன்று நாள், மிஞ்சினால் ஐந்து நாள் போடலாம். அதற்கு மேல் போனால் மருந்தின் வேகம் இறங்கியதும் மூக்கு முன்னைவிட அதிகமாக வீங்கும். மறுபடி போடத் தோன்றும். இப்படியே மாதக்கணக்கில் அந்தப் புட்டியைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு திரிகிறவர்கள் உண்டு. தொடக்கத்தில் வெறும் வறட்சி மட்டும் இருந்தவருக்கு, இப்போது வறட்சியோடு உண்மையான அடைப்பும் சேர்ந்துகொள்ளும்.

தைலமும் இப்படித்தான். அதிலுள்ள மென்தால் குளிர்ச்சியை உணரும் நரம்பைத் தூண்டுகிறது. அதனால் மூச்சு திறந்தது போல இருக்கும், வழி அகலமாவதில்லை. காய்ந்த தோலில் அதை நேரடியாகத் தடவினால் எரியும். சிறு குழந்தைகளுக்குக் கற்பூரம் கலந்த தைலத்தை மூக்கருகே தடவவே கூடாது.

அப்படியானால் என்ன செய்வது?

உப்புத் தண்ணீர். இதைவிட நல்ல மருந்து இதற்கு இல்லை என்றே சொல்வேன். மருந்துக்கடையில் 'சலைன் மூக்குச் சொட்டு' என்று கேளுங்கள், குறைந்த விலையில் கிடைக்கும். அடைப்பு நீக்கும் மருந்து கலக்காததாக இருக்க வேண்டும். புட்டியில் சோடியம் குளோரைடு மட்டும் எழுதியிருக்கிறதா என்று பாருங்கள். ஒரு நாளில் நாலைந்து முறை, ஒவ்வொரு பக்கமும் இரண்டு மூன்று சொட்டு. இதற்குப் பழக்கப்பட்டுவிடும் பயம் கிடையாது. கர்ப்பிணிகளும் குழந்தைகளும் போடலாம்.

வீட்டில் தயாரிக்கலாமா? தயாரிக்கலாம், ஆனால் தண்ணீர் விஷயத்தில் மிகவும் கவனம் தேவை. அரை லிட்டர் தண்ணீரைத் தளதளவென்று கொதி வந்தபின் ஒரு நிமிடமாவது கொதிக்கவிட்டு, மூடி வைத்து ஆறவிடுங்கள். சுத்தமான தூளுப்பு ஒரு தட்டையான தேக்கரண்டி, சமையல் சோடா ஒரு சிட்டிகை சேருங்கள். உப்பளத்திலிருந்து நேரே வந்த கல்லுப்பு வேண்டாம், மண் கலந்திருக்கும். எரிந்தால் உப்பு கூடிவிட்டது என்று அர்த்தம். கொதித்து ஆறிய தண்ணீர் கொஞ்சம் கலந்துகொள்ளுங்கள். அன்றன்றைக்குச் செய்து, மிஞ்சியதைக் கொட்டிவிடுங்கள்.

கிணற்றுத் தண்ணீர் தெளிவாகத்தானே இருக்கிறது, அப்படியே ஊற்றினால் என்ன என்று தோன்றும். குடித்தால் வயிற்றில் செத்துப்போகும் சில உயிரிகள், மூக்கு வழியாகப் போனால் மூளைக்கு ஏறிவிடும். நேக்ளேரியா என்ற அமீபா (ஒற்றைச் செல் உயிரி) அப்படிப்பட்டது. கேரளத்தில் அண்மை ஆண்டுகளில் அமீபா மூளைக்காய்ச்சல் பலருக்கு வந்தது. 2024-இல் நம் எல்லையை அடுத்த நெய்யாற்றின்கரைப் பக்கம் குளத்துத் தண்ணீரோடு தொடர்புடைய இளைஞர்களுக்கும் வந்தது. அரிய நோய்தான், வந்தால் பிழைப்பது மிகக் கடினம். ஆகவே குளம், கிணறு, குழாய், வடிகட்டி இயந்திரம், எதிலிருந்து எடுத்த தண்ணீராக இருந்தாலும் கொதிக்கவைக்காமல் மூக்குக்குள் விடாதீர்கள்.

தேங்காய் எண்ணெய் தடவலாமா?

நம் வீடுகளில் முதலில் கை போவது அதற்குத்தான். நுனிவிரலில் மிகக் கொஞ்சமாக எடுத்து மூக்கின் வாசலில் மட்டும் பூசினால் பெரியவர்களுக்குப் பாதகமில்லை. படுக்கப்போகும் நேரத்தில் வேண்டாம். மல்லாந்து படுத்துச் சொட்டுச் சொட்டாக உள்ளே விடவும் வேண்டாம். எண்ணெய் மூச்சுக்குழாய் வழியாக நுரையீரலில் இறங்கித் தங்கினால் ஒருவகை நிமோனியா வரும். பச்சைப்பிள்ளையைக் குளிப்பாட்டும்போது மூக்கில் எண்ணெய் விட்டு ஊதும் வழக்கம் நம்மிடம் உண்டு. பாட்டி பாசத்தோடுதான் செய்கிறாள். ஆனாலும் பணிவாகத் தடுத்துவிடுங்கள். குழந்தைக்கு ஒரு சொட்டு சலைன் போதும். சித்த, ஆயுர்வேத முறையில் நசியம் (மூக்கு வழியாக மருந்து விடும் சிகிச்சை) செய்ய விரும்புகிறவர்கள், கோட்டாறு அரசு ஆயுர்வேத மருத்துவக் கல்லூரி போன்ற இடங்களில் தகுதியுள்ள மருத்துவர் முன்னிலையில் மட்டும் செய்துகொள்ளுங்கள்.

ஆவி பிடித்தால் கொஞ்ச நேரம் இதமாக இருக்கும், அவ்வளவுதான். கொதிக்கும் பாத்திரத்தைக் குழந்தை முன்னால் வைக்காதீர்கள். தண்ணீர் நிறையக் குடிப்பது, வெயிலில் வேலை செய்து உடம்பு காய்ந்தவருக்கு உதவும். ஏற்கெனவே போதுமான அளவு குடிக்கிறவருக்குக் கூடுதல் குடங்களால் மூக்கு நனைந்துவிடாது. அறைக்கு ஈரம் ஊட்டும் கருவி வாங்கலாமா என்று கேட்டால், நம் மாவட்டத்தில் வேண்டாம் என்பேன். சாரல் காலத்தில் சுவரெல்லாம் பூசணம் பிடிக்கிற வீட்டில் அது பூசணத்தைத்தான் வளர்க்கும். அந்தப் பூசணமும் மூக்குக்குப் பகை.

வீட்டில் ஆக்சிஜன் வைத்துக்கொள்கிறவருக்கு மூக்கு மிகவும் வறளும். அவருக்குத் தேங்காய் எண்ணெய், பெட்ரோலியம் ஜெல்லி எதையும் பூசாதீர்கள். ஆக்சிஜனோடு சேர்ந்தால் தீப்பிடிக்கும் அபாயம் உண்டு. தண்ணீரால் ஆன ஜெல் கேட்டு வாங்குங்கள்.

இரத்தம் வந்தால்?

பெரும்பாலும் இரு துவாரங்களுக்கும் நடுவிலுள்ள சுவரின் முன்பகுதியிலிருந்துதான் வரும். பொருக்கை நகத்தால் பிய்ப்பதால் அங்கேதான் புண்ணாகிறது. தலையைப் பின்னால் சாய்க்காதீர்கள், இரத்தம் தொண்டையில் இறங்கும். உட்கார்ந்து, சற்று முன்னால் குனிந்து, மூக்கின் மெத்தென்ற பகுதியை இரு பக்கமும் சேர்த்து 10 முதல் 15 நிமிடம் விடாமல் பிடியுங்கள். நடுவில் திறந்து பார்க்கக் கூடாது. நின்றபின் அன்றைக்கு மூக்கைச் சிந்தாமல் இருங்கள். 15 நிமிடத்துக்குப் பிறகும் நிற்கவில்லை என்றாலோ, இரத்தம் உறையாமலிருக்க மாத்திரை சாப்பிடுகிறவர் என்றாலோ உடனே மருத்துவமனைக்குப் போங்கள்.

எப்போது மருத்துவரைப் பார்க்க வேண்டும்?

இரண்டு மூன்று வாரம் உப்புநீர் போட்டும் குறையாவிட்டால் பாருங்கள். கண்ணும் வாயும் சேர்ந்து வறண்டால், உமிழ்நீர், கண்ணீர்ச் சுரப்பிகளைத் தாக்கும் நோயாக இருக்கலாம். பச்சைநிறப் பொருக்கோடு துர்நாற்றம் வீசுவதாக வீட்டார் சொல்லி, உங்களுக்கு மட்டும் அது தெரியாவிட்டால் உள்தோல் மெலிந்துபோகும் நோயாக இருக்கலாம். வெட்கப்பட வேண்டாம், சிகிச்சையால் கட்டுக்குள் வைக்கலாம்.

குளத்தில் குளிக்கும் வழக்கமுள்ளவர்களுக்குத் தனியாக ஒன்று. ஒரு பக்கம் மட்டும் அடைத்து, அடிக்கடி இரத்தம் வந்து, உள்ளே சிவந்த சதை போல வளர்ந்தால் அது வறட்சி அல்ல. ரைனோஸ்போரிடியம் என்ற நுண்ணுயிரால் வரும் வளர்ச்சியாக இருக்கலாம். தென்னிந்தியாவிலும் இலங்கையிலும் அதிகம் காணப்படுவது இது; பெரும்பாலும் குளத்துக் குளியலோடு தொடர்புள்ளது. சொட்டு மருந்துக்குக் கரையாது, அறுத்துத்தான் எடுக்க வேண்டும்.

ஆசாரிப்பள்ளம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் காது மூக்கு தொண்டைப் பிரிவில் இதையெல்லாம் காட்டலாம். போகும்போது நீங்கள் சாப்பிடும் மாத்திரை அட்டைகளையும், இதுவரை மூக்கில் போட்ட சொட்டு மருந்துப் புட்டிகளையும் ஒரு பையில் போட்டு எடுத்துப் போங்கள். எத்தனை நாளாகப் போடுகிறீர்கள் என்பதை மறைக்காமல் சொல்லுங்கள். மருத்துவர் முதலில் கேட்கப்போவது அதைத்தான்.