தோல் நோயும் தூரத்து வைத்தியரும்

தங்கவயல் அன்பர்கள் பலருக்கும் நான் பயணச்சீட்டுச் சாளரத்தின் வழியே அறிமுகமானவன். மாரிக்குப்பத்திலிருந்து பங்காரப்பேட்டை வழியாகப் பெங்களூருக்கு நாள்தோறும் பிழைப்புத் தேடிச் செல்லும் நம்மவரிடம் அண்மைக் காலமாக ஒன்றைக் காண்கிறேன். ஒரு கை சில்லறையை நீட்ட, மறு கை இடுப்பையோ கழுத்தையோ சொறிந்துகொண்டிருக்கிறது. பெரும்பாலும் அது படர்தாமரை. நெரிசலும் வியர்வையும் ஈரம் உலராத ஆடையும் அந்தப் பூஞ்சைக்கு நல்ல விளைநிலம்.

பிறரைச் சொல்வானேன்? என் மனைவிக்கே இடுப்பில் ஒரு ரூபாய் நாணயமளவு படை தோன்றியது. கடையில் கேட்டேன், ஒரு களிம்பு கொடுத்தார்கள். மூன்றே நாளில் அரிப்பு அடங்கியது. கைகண்ட மருந்தென்று பூரித்து அண்டை வீட்டார் நால்வருக்கும் அதனையே சொல்லிவைத்தேன். நான்கு மாதத்தில் படை முதுகெங்கும் பரவியது. தோல் மெலிந்து வரிவரியாகக் கோடுகள் விழுந்தன.

அக்களிம்பில் ஸ்டீராய்டு கலந்திருந்தது. அஃது அரிப்பையும் சிவப்பையும் அடக்கும்; பூஞ்சையைக் கொல்லாது. உடலின் எதிர்ப்பு தளரவே பூஞ்சை உள்ளூரப் பரவும். படையின் உருவமும் மாறிவிடுவதால் மருத்துவரே மயங்குவதுண்டு. இதனாலன்றோ 2018-ஆம் ஆண்டில் இவ்வகைக் களிம்புகள் பலவற்றை மருத்துவர் சீட்டின்றி விற்கலாகாதென அரசாங்கம் விதித்தது! விதி ஏட்டில் இருக்கிறது. களிம்பு கடையில் கிடைக்கிறது.

முன்னாளில் சுரங்கத்தாரின் மருத்துவமனை நமக்கு அருகிலேயே இருந்தது. 2001 பிப்ரவரி 28-இல் சுரங்கம் மூடப்பட்டபின் அந்த வசதியும் போயிற்று. தோல் மருத்துவரை நாடிப் பெங்களூர் செல்வதெனில் ஒரு நாள் கூலி போகும்.

இந்நிலையில்தான் மைய அரசின் 'இ-சஞ்சீவனி' பற்றி அறிந்தேன். 2020 ஏப்ரல் முதல் வீட்டிலிருந்தே கைப்பேசி வழியாக மருத்துவரைக் காண அது வழி செய்துள்ளது, கட்டணமில்லை. எண்ணைப் பதிந்து, முறை வரும்வரை காத்திருந்தால், மருத்துவர் திரையில் தோன்றுவார். மருந்துச் சீட்டும் கைப்பேசிக்கே வரும். தொலை மருத்துவத்திற்கென 2020 மார்ச்சில் வகுக்கப்பட்ட நெறிமுறைப்படி சீட்டில் மருத்துவரின் பதிவெண் இருத்தல் வேண்டும். பதிவெண் காட்டாது "ஏழு நாளில் முடி வளரும்" என எண்ணெய் விற்பவன் மருத்துவன் அல்லன்.

என் மனைவி முதலில் நாணினாள். எங்களுக்கு வாய்த்தவர் பெண் மருத்துவர், கன்னடத்தில் பேசினார். படர்தாமரை என்ற சொல் அவருக்கு விளங்கவில்லை, படம் விளங்கிற்று. முதல் நாள் இரவில் விளக்கொளியில், மஞ்சள் பூசிய மேனியில் எடுத்த படம் பயன்படவில்லை. ஒன்றும் பூசாமல், பகல் வெளிச்சத்தில், தள்ளி நின்று ஒன்றும் அருகிலிருந்து ஒன்றுமாக எடுத்தோம். "இதுவரை என்ன தடவினீர்கள்?" என்பதே அவர் கேட்ட முதற் கேள்வி. களிம்புக் குழாயைக் காட்டினேன். தலையில் அடித்துக்கொள்ளாத குறைதான். களிம்பை நிறுத்தி மாத்திரை எழுதினார். ஆடை, துவாலைகளைத் தனியே துவைத்து வெயிலில் உலர்த்தச் சொன்னார். வீட்டில் வேறெவருக்கு அரிப்பு என்றும் விசாரித்தார்.

முடி உதிர்வதையும் கேட்டாள். கடுங்காய்ச்சலுக்குப் பின் இரண்டு மூன்று மாதம் கழித்து முடி கொத்தாக உதிர்வதுண்டு, பெரும்பாலும் அது தானே மீளும் என்றார். ஆனால் எல்லாவற்றையும் திரையில் தீர்க்கவியலாது. உணர்ச்சியற்ற வெளிறிய தேமல் தொழுநோயின் அறிகுறியாகலாம். அதனைத் தொட்டுப் பார்த்தே அறியவேண்டும். அதற்குரிய கூட்டுமருந்து அரசு மருத்துவமனைகளில் இலவசம். காய்ச்சலோடு கொப்புளம் கண்டாலும், தோல் உரிந்தாலும் நேரே ஓடவேண்டியதுதான்.

படை அடங்கப் பல வாரங்கள் ஆயின, கோடுகள் மறையவில்லை. களிம்பைச் சொல்லிவைத்த நான்கு வீடுகளுக்கும் நானே சென்று நிறுத்தும்படி வேண்டினேன். மூன்று வீட்டார் கேட்டனர். நான்காம் வீட்டு அம்மையார், "நல்லாத்தானே இருக்கு, தம்பி" என்று குழாயைத் தலையணைக்கடியில் வைத்துக்கொண்டார். வரும் ஞாயிறன்று கைப்பேசியோடு மீண்டும் போகவிருக்கிறேன்.