வீட்டில் இருந்தபடியே வேலை! தேடுவது எப்படி?

கோபிசெட்டிபாளையம் பக்கம் ஒரு கிராமம் என்று வைத்துக்கொள்வோம். அங்கே ஒரு பெண் பி.காம். தேறியிருக்கிறாள். மடியில் கைக்குழந்தை. தினமும் பஸ் ஏறி ஈரோட்டுக்கோ கோவைக்கோ போய் வர முடியாது. "படித்த படிப்பு வீணாகிறதே" என்று அவளுக்குக் கவலை. பெற்றவர்களுக்கும் கவலை.

இப்படிப்பட்ட வீடுகள் கொங்கு நாட்டில் ஏராளம்.

அவளுக்கு வேலையே கிடையாதா? உண்டு. கம்ப்யூட்டரும் இன்டர்நெட்டும் இருந்தால் வீட்டில் இருந்தபடியே வேலை செய்யலாம். சென்னைக் கம்பெனிக்கும் செய்யலாம். லண்டன் கம்பெனிக்கும் செய்யலாம். 2020-ம் ஆண்டு கொரோனா ஊரடங்கின்போது இதை நாம் நேரிலேயே பார்த்தோம். பெங்களூரில் வேலை பார்த்த பிள்ளைகள் பலர் சொந்த ஊருக்கு வந்து, வீட்டில் இருந்தே ஆபீஸ் வேலையைச் செய்தார்கள்.

ஆனால் ஒன்று. வேலை இருக்கும் இடத்தில் மோசடியும் இருக்கிறது. புதிதாகத் தேடுகிறவர்கள்தான் அதில் முதலில் சிக்குகிறார்கள். எது வேலை, எது மோசடி என்று பிரித்து அறிய வேண்டும். அதற்கு வழி என்ன?

தறிக்காரர் கணக்கு

வழி நம் ஊரிலேயே இருக்கிறது.

சோமனூரிலும் பல்லடத்திலும் விசைத்தறிக்காரர்கள் கூலிக்கு நெய்கிறார்கள். ஜவுளி உற்பத்தியாளர் நூல் கொடுப்பார். தறிக்காரர் துணியாக நெய்து கொடுப்பார். அதற்குக் கூலி உண்டு. திருப்பூரில் பனியனுக்குப் பிசிர் வெட்டும் பெண்களுக்கும் கூலி உண்டு.

"நெய்ய வேலை தருகிறேன். முதலில் நீ எனக்கு ஐயாயிரம் ரூபாய் கட்டு" என்று ஒருவர் சொன்னால் தறிக்காரர் சிரிப்பார். வேலை வாங்குகிறவர்தான் பணம் கொடுக்க வேண்டும். செய்கிறவர் கொடுப்பது எங்கே உண்டு?

இன்டர்நெட் வேலைக்கும் இதே கணக்குத்தான்.

என்ன வேலை கிடைக்கும்?

கணக்குப் படித்தவர்கள் 'டாலி'யில் கணக்கு எழுதலாம், ஜி.எஸ்.டி. விவரங்களைப் பதியலாம். ஆங்கிலமும் தமிழும் நன்றாகத் தெரிந்தவர்கள் மொழிபெயர்க்கலாம். வீடியோவுக்கு வசன வரிகள் எழுதலாம். ஆன்லைனில் துணி விற்கும் கடைக்குப் படமும் விலையும் ஏற்றித் தரலாம். தமிழில் வேகமாகத் தட்டச்சு செய்வதும் ஒரு கைத்தொழில்தான். அதற்காகவே 'தமிழ்99' என்ற விசைப்பலகை 1999-ல் வந்தது. அதைக் கற்கக் காசு செலவு இல்லை.

புதிய வேலை ஒன்றும் உண்டு. செயற்கை நுண்ணறிவுக் கருவிக்குப் பாடம் சொல்லிக் கொடுப்பது! 'இது கார், இது மனிதன், இது சிக்னல்' என்று படங்களில் ஆட்கள்தான் குறித்துத் தர வேண்டும். நாமக்கல் மாவட்டம் மல்லசமுத்திரத்தில் 'நெக்ஸ்ட்வெல்த்' என்ற நிறுவனம் ஆபீஸ் வைத்து இத்தகைய வேலைகளைச் செய்கிறது. வேலை எங்கிருந்தோ வருகிறது; கிராமத்துக்குப் பக்கத்திலேயே நடக்கிறது.

எப்படித் தொடங்குவது?

முதலாவது, ஒரே ஒரு தொழிலைப் பிடியுங்கள். "எந்த வேலையும் செய்வேன்" என்பவரை யாரும் கூப்பிடுவதில்லை.

இரண்டாவது, மாதிரி செய்து வையுங்கள். ஒரு கற்பனைக் கடைக்கு ஒரு மாதக் கணக்கை எழுதுங்கள். இரண்டு பக்கம் மொழிபெயர்த்து வையுங்கள். அனுபவம் இல்லாதவருக்கு அந்த மாதிரிதான் சர்டிபிகேட்.

மூன்றாவது, முதலில் உள்ளூரில் கேளுங்கள். பக்கத்து ஆடிட்டரிடம் கேளுங்கள். தெரிந்த ஜவுளிக் கடையில் கேளுங்கள். "வீட்டில் இருந்து செய்து தருகிறேன்" என்று சொல்லுங்கள். முகம் தெரிந்தவரிடம் கிடைக்கும் முதல் வேலை, முகம் தெரியாதவரிடம் அடுத்த வேலைக்குச் சிபாரிசாகும்.

நான்காவது, பதிவு செய்யுங்கள். மத்திய அரசின் தேசிய வேலைவாய்ப்புச் சேவை இணையதளம் 2015 முதல் இருக்கிறது. பதியக் கட்டணம் இல்லை. கல்லூரி மாணவர்களுக்குத் தமிழக அரசின் 'நான் முதல்வன்' திட்டம் 2022 முதல் பயிற்சி தருகிறது.

'ஃபைவர்', 'அப்வொர்க்' போன்ற உலகச் சந்தைகளும் உண்டு. அவை கமிஷன் எடுக்கும். 'ஃபைவர்' நூறு ரூபாய்க்கு இருபது ரூபாய் எடுக்கிறது. ஆனால் அது, நீங்கள் சம்பாதித்த பணத்தில் இருந்து கழிப்பது. 'அப்வொர்க்'கில் விண்ணப்பிக்கவே சிறு தொகை ஆகலாம். ஆகவே முன்கூட்டியே விதிகளைப் படித்துக்கொள்ளுங்கள். முதல் வேலை கிடைக்க மாதக் கணக்கில் ஆகலாம். பொறுமை வேண்டும்.

வலை விரிப்பது எப்படி?

'டெலிகிராமில்' ஒரு செய்தி வரும். "வீடியோவுக்கு லைக் போடுங்கள். தினமும் ஆயிரக்கணக்கில் சம்பாதிக்கலாம்" என்று இருக்கும். முதல் நாள் உண்மையாகவே நூற்றைம்பது ரூபாய் வரும். நம்பிக்கை பிறக்கும். பிறகு, "இரண்டாயிரம் கட்டினால் மூவாயிரம்" என்பார்கள். கடைசியில் லட்சத்தோடு மறைந்துவிடுவார்கள்.

இன்னொரு வகை உண்டு. டேட்டா என்ட்ரி வேலை என்று ஒப்பந்தம் போடுவார்கள். வேலையை முடித்ததும், "பிழை அதிகம், அபராதம் கட்டு, இல்லையேல் கோர்ட்டுக்கு வருவோம்" என்று போலி வக்கீல் நோட்டீஸ் அனுப்புவார்கள். பயந்து கட்டாதீர்கள்.

மூன்றாவது வகை இன்னும் ஆபத்தானது. "உங்கள் பாங்குக் கணக்கைக் கொடுங்கள், மாதம் வாடகை தருகிறோம்" என்பார்கள். திருட்டுப் பணம் அதன் வழியாகப் போகும். போலீஸ் உங்கள் வீட்டுக்கு வரும்.

கோவையிலும் ஒரு நிறுவனம் இருந்தது. உறுப்பினர் கட்டணம் கட்டினால், செல்போனில் விளம்பரம் பார்த்தே சம்பாதிக்கலாம் என்றது. 2024 ஜனவரியில் போலீசார் வழக்குப் பதிவு செய்தார்கள். நிறுவனம் குற்றச்சாட்டை மறுத்தது. உறுப்பினர்கள் ஆயிரக்கணக்கில் நீலாம்பூரில் திரண்டு அதற்கு ஆதரவு தெரிவித்தார்கள்! வழக்கைக் கோர்ட்டு பார்த்துக்கொள்ளும். நாம் கேட்க வேண்டிய கேள்வி ஒன்றுதான்: விளம்பரம் பார்ப்பது வேலை என்றால், பார்க்கிறவர் ஏன் பணம் கட்ட வேண்டும்?

பணம் போய்விட்டால்?

உடனே 1930 என்ற எண்ணுக்குப் போன் செய்யுங்கள். அது சைபர் குற்றங்களுக்கான தேசிய உதவி எண். சீக்கிரம் சொன்னால், பணம் கைமாறும் முன்பே பாங்கில் நிறுத்தி வைக்க முடியும். மறுநாள் சொல்லலாம் என்று இருந்தால், பணம் பத்துக் கணக்குகளைத் தாண்டியிருக்கும்.

பெரியவர்களுக்கு ஒரு வார்த்தை. பணத்தை இழந்த பெண்கள் திட்டுக்குப் பயந்து வீட்டில் சொல்வதில்லை. போனதை எடுக்க இன்னும் கடன் வாங்கிக் கட்டுகிறார்கள். நகையை அடகு வைக்கிறார்கள். ஆகவே, மகளோ மருமகளோ வந்து சொன்னால் கோபிக்காதீர்கள். முதலில் 1930-க்குப் போன் போடுங்கள். மற்றதைப் பிறகு பேசிக்கொள்ளலாம்.