அடிக்கடி செயலிழக்கும் கணினி: பழுதை முறையாகக் கண்டறிதல்

வீட்டுக் கணினி இடைநடுவே நின்றுவிட்டால் பெரும்பாலானோர் கூறும் காரணம் ஒன்றேயாகும்: "வைரசு பிடித்துவிட்டது." அடுத்த நாளே கணினி கடைக்குப் போகும். வன்தட்டு ஃபோமற் செய்யப்பட்டு, பணிசெயல் முறைமை மீள நிறுவப்பட்டு வீடு திரும்பும். கோப்புகள் போய்விட்டன, பணமும் செலவாகிவிட்டது. இரண்டு வாரங்களில் கணினி மீண்டும் முன்போலவே நிற்கிறது. ஏனெனில், பழுது வன்பொருளில் இருந்தது, திருத்தப்பட்டதோ மென்பொருள். இவ்வாறான நிலைமையைத் தவிர்ப்பதற்கு அறிகுறியிலிருந்து காரணத்தை நோக்கிப் படிப்படியாகச் செல்லும் முறையை மாணவர்கள் அறிந்திருத்தல் அவசியமாகும். பரீட்சையில் விடை எழுதுவதற்கும் இதே முறையே உதவும்.

செயலிழப்பு என்பது எது?

பேச்சுவழக்கில் நாம் "நின்றுவிட்டது" எனக் கூறுவது வெவ்வேறான பல நிகழ்வுகளைக் குறிக்கும். ஆளியை அணைத்ததுபோல் கணினி சட்டென அணைதல் ஒன்று. தானாக மீள ஆரம்பித்தல் இன்னொன்று. சுட்டியும் விசைப்பலகையும் துலங்காது திரை அப்படியே உறைந்துபோதல் வேறொன்று. நீல நிறத் திரையில் பிழைச் செய்தி தோன்றுதல் மற்றொன்று. (விண்டோஸ் 11 இல் 2025 ஆம் ஆண்டு இற்றைப்படுத்தல்களின் பின்னர் இத்திரை கறுப்பு நிறத்தில் தோன்றுகிறது.) கணினி தொடர்ந்து இயங்க, ஒரு பிரயோக மென்பொருள் மாத்திரம் தானாக மூடிக்கொள்வது முற்றிலும் வேறானது.

இறுதியாகக் கூறியதை முதலில் விளங்கிக் கொள்வோம். பணிசெயல் முறைமை ஒவ்வொரு பிரயோக மென்பொருளுக்கும் நினைவகத்தில் தனித்தனி இடத்தை ஒதுக்குகின்றது. ஒரு மென்பொருள் தனக்குரியதல்லாத இடத்தில் எழுத முற்பட்டால், பணிசெயல் முறைமை அதனை மட்டும் நிறுத்திவிடும், ஏனையவை பாதிக்கப்படா. எனவே ஒரு குறித்த மென்பொருள் மட்டும் அடிக்கடி மூடிக்கொள்ளுமாயின், கணினியின் பெட்டியைத் திறக்க வேண்டியதில்லை. அந்த மென்பொருளை இற்றைப்படுத்துவதோ மீள நிறுவுவதோ பெரும்பாலும் போதுமானதாகும்.

ஆனால் பணிசெயல் முறைமையின் கருவிலும், கருவுடன் சேர்ந்து இயங்கும் சாதன இயக்கிகளிலும் பிழை ஏற்பட்டால் அவற்றைத் தடுத்து நிறுத்த மேலே யாரும் இல்லை. தொடர்ந்து இயங்கினால் வன்தட்டிலுள்ள தரவுகள் பழுதடையக்கூடும். ஆகவே பணிசெயல் முறைமை தன்னைத்தானே நிறுத்திக்கொள்கிறது. நீலத் திரை என்பது நோயல்ல. நோய் இருப்பதை அறிவிக்கும் ஒரு பாதுகாப்பு நடவடிக்கையாகும்.

இதற்கு உலகமறிந்த உதாரணம் ஒன்று உண்டு. 2024 யூலை 19 ஆந் திகதி கிரவுட்ஸ்ரைக் நிறுவனத்தின் பாதுகாப்பு மென்பொருளுக்கு வந்த பிழையான ஓர் இற்றைப்படுத்தலினால் ஏறத்தாழ 85 இலட்சம் விண்டோஸ் கணினிகள் செயலிழந்தன. விமான நிலையங்களும் வங்கிகளும் வைத்தியசாலைகளும் பாதிக்கப்பட்டன. அம்மென்பொருள் கருவுடன் சேர்ந்து இயங்கியதனாலேயே ஒரு சிறு கோப்பின் பிழை முழுக் கணினியையும் நிறுத்தியது. அக்கணினிகளில் வன்பொருட் பழுதும் இருக்கவில்லை, வைரசும் இருக்கவில்லை.

முதல் வேலை: கோப்புகளைக் காத்தல்

கணினி இயங்கும் இடைவெளிகளில் செயற்றிட்ட அறிக்கைகள், ஒளிப்படங்கள், குடும்ப ஆவணங்கள் முதலியவற்றை வேறொரு சேமிப்புச் சாதனத்தில் பிரதி செய்துகொள்ளுங்கள். கணினியைத் திருத்தலாம்; பாகங்களை வாங்கலாம்; அழிந்த ஒளிப்படத்தை வாங்க முடியாது. வன்தட்டே பழுதடைந்து வருகின்றதாயின், ஒவ்வொரு முறை இயக்கும்போதும் கோப்புகள் கிடைக்கும் வாய்ப்புக் குறையலாம் என்பதையும் மனதிற்கொள்க.

அடுத்து ஒரு தாளில் மூன்று விடயங்களைக் குறித்துக்கொள்க. எப்போது நிற்கிறது? அவ்வேளை என்ன வேலை நடைபெற்றது? பழுது ஆரம்பிக்கும் முன் புதிதாக எது சேர்க்கப்பட்டது? புதிய அச்சுப்பொறி, புதிய ரம், புதிய விளையாட்டு, ஓர் இற்றைப்படுத்தல் என எதுவாகவும் இருக்கலாம். பின்னர் ஒரு தடவையில் ஒரு மாற்றத்தை மட்டும் செய்து பார்க்க வேண்டும். விஞ்ஞானப் பரிசோதனையில் ஒரு மாறியை மட்டும் மாற்றி ஏனையவற்றை மாறாது வைத்திருப்பது போன்றதே இதுவும். நினைவகத்தையும் மாற்றி, இயக்கியையும் மாற்றி, தூசியும் துடைத்தால், கணினி சரியானாலும் எதனால் சரியானது என்று தெரியாது.

வெப்பம்

எமது காலநிலையில் முதலில் சந்தேகிக்க வேண்டியது இதுவேயாகும். மத்திய செயற்பாட்டு அலகு வேலை செய்யும்போது வெப்பத்தைப் பிறப்பிக்கின்றது. அவ்வெப்பம் அதன் மேலுள்ள உலோகத் தகட்டுத் தொகுதிக்குக் கடத்தப்பட்டு, மின்விசிறியினால் வெளியேற்றப்படுகின்றது. இரண்டுக்குமிடையே பூசப்பட்டுள்ள வெப்பக் கடத்திப் பசை காய்ந்துபோனாலும், தகடுகளிடையே தூசி அடைத்துக்கொண்டாலும், மின்விசிறி மெதுவாகச் சுழன்றாலும் வெப்பநிலை உயரும். முதலில் செயலி தனது வேகத்தைத் தானே குறைத்துக்கொள்ளும். அப்போது கணினி மந்தமாவதை அவதானிக்கலாம். அதன் பின்னரும் உயர்ந்து, பல செயலிகளில் 100 பாகை செல்சியஸ் அளவிலான எல்லையைத் தாண்டிச் சென்றால், சேதத்தைத் தவிர்க்கக் கணினி உடனடியாக அணைக்கப்படும். செய்தி எதுவும் திரையில் தோன்றாது.

இதன் அடையாளம் தெளிவானது. ஆரம்பித்தவுடன் நன்றாக இயங்கும். விளையாட்டு, காணொளித் தொகுப்பு போன்ற கடினமான வேலைகளின்போது சிறிது நேரத்தில் அணையும். உடனே மீண்டும் இயக்கினால் முன்னையதிலும் விரைவாக அணையும். ஏனெனில் உலோகம் இன்னும் சூடாகவே உள்ளது.

தூசியை அகற்றுவதற்கு, கணினியை அணைத்து, செருகியைக் குதையிலிருந்து கழற்றி, பெட்டியின் உலோகப் பகுதியைத் தொட்டு உடலிலுள்ள நிலைமின்னை நீக்கிய பின்னர், மென்மையான உலர்ந்த தூரிகையைப் பயன்படுத்துக. மின்விசிறி சுழலாதவாறு விரலால் பிடித்துக்கொள்ள வேண்டும். ஈரத்துணி கூடாது. மடிக்கணினியைத் தலையணை, மெத்தை என்பவற்றின் மீது வைத்துப் பயன்படுத்துவதும் காற்றுத் துவாரங்களை அடைக்கும். மேசைக்கணினியின் பக்க மூடியைக் கழற்றிவிட்டு ஓடவிடுவது நம்மவர் வழக்கம். வெப்பம்தான் காரணமா எனச் சோதிக்க ஒரு நாள் அவ்வாறு செய்யலாமே தவிர, அதுவே தீர்வாகாது. தூசி இன்னும் எளிதாக உள்ளே போகும், பல்லியும் போகும்.

மின்வழங்கல்

இலங்கையில் வீட்டு மின்வழங்கல் 230 வோல்ற்று, 50 ஹேட்ஸ் ஆடலோட்டமாகும். கணினியினுள்ளே உள்ள வலு வழங்கி இதனை 12, 5, 3.3 வோல்ற்று நேரோட்டமாக மாற்றுகின்றது. 12 வோல்ற்றுக் கம்பியில் 5 சதவீத விலகலே அனுமதிக்கப்படும், அதாவது 11.4 இற்கும் 12.6 இற்கும் இடையில் இருத்தல் வேண்டும். பழைய அல்லது தரம் குறைந்த வலு வழங்கி, சுமை கூடும்போது இந்த எல்லையைப் பேண முடியாமல் தடுமாறும். கணினி அணையும் அல்லது தானாக மீள ஆரம்பிக்கும்.

முதலில் எளியவற்றைப் பார்க்க வேண்டும். வடம் தளர்ந்துள்ளதா? ஒரே நீட்டிப்பு வடத்தில் மின்னழுத்தியும் குளிர்சாதனப் பெட்டியும் கணினியும் இணைக்கப்பட்டுள்ளனவா? குளிர்சாதனப் பெட்டி இயங்கத் தொடங்கும் அதே கணத்தில் கணினி மீள ஆரம்பித்தால் விடை கண்முன்னே உள்ளது. யூ.பி.எஸ் பயன்படுத்துவோர் அதன் பற்றரி பழையதாகிவிட்டதா எனவும் பார்க்க வேண்டும். தாய்ப்பலகையிலுள்ள உருளை வடிவக் கொள்ளளவிகளின் மேற்பகுதி தட்டையாக இருத்தல் வேண்டும். அது வீங்கியோ கசிந்தோ காணப்பட்டால் அப்பலகை பழுதானது.

ஒரு கண்டிப்பான எச்சரிக்கை: வலு வழங்கியின் பெட்டியை எக்காரணம் கொண்டும் திறக்க வேண்டாம். செருகியைக் கழற்றிய பின்னரும் அதனுள்ளே உள்ள கொள்ளளவிகளில் 300 வோல்ற்றிலும் அதிகமான மின் எஞ்சியிருக்கலாம். அது உயிராபத்தானது. பழுதெனச் சந்தேகித்தால் முழுமையாக மாற்றுவதே முறை.

நினைவகமும் வன்தட்டும்

ரம் எனப்படும் தற்போக்கு அணுகல் நினைவகம் பழுதடைந்தால் அறிகுறிகள் ஒழுங்கற்றவையாக இருக்கும். இன்று நீலத் திரையில் ஒரு செய்தி, நாளை வேறொரு செய்தி. ஒரு நாள் உலாவி மூடிக்கொள்ளும், மறுநாள் சொல் முறைவழிப்படுத்தல் மென்பொருள் மூடிக்கொள்ளும். பழுதான நினைவகக் கலத்தில் எந்த மென்பொருளின் தரவு வந்து விழுகின்றதோ அதுவே பாதிக்கப்படும் என்பதால் இவ்வாறு நிகழ்கின்றது. செய்திகள் மாறி மாறி வருவதே இங்கு சான்றாகும்.

நினைவகத் துண்டைக் கழற்றி, தொடுமுனைகளை உலர்ந்த மென்துணியால் துடைத்து, இருபுறக் கொளுவிகளும் பூட்டிக்கொள்ளுமாறு மீண்டும் பொருத்துக. பல தடவைகளில் இதுவே போதும். இரு துண்டுகள் இருப்பின் ஒன்றைக் கழற்றிவிட்டு மற்றையதுடன் சில நாட்கள் இயக்கிப் பார்க்கலாம். விண்டோஸிலேயே நினைவகத்தைச் சோதிக்கும் கருவி உள்ளது. அது பிழை காட்டினால் நம்பலாம். பிழை காட்டாவிடில் நினைவகம் நல்லதென்று முற்றாக முடிவுசெய்ய முடியாது; சில பழுதுகள் சூடான பின்னரே வெளிப்படும்.

வன்தட்டுப் பழுதின்போது கணினி சில செக்கன்கள் உறைந்து பின் தொடரும். கோப்புகள் திறக்க மறுக்கும். சிலவேளை "டிக், டிக்" என ஒலி கேட்கும். ஒலி கேட்டால் சோதனைகள் எதுவும் வேண்டாம். வன்தட்டு முழுவதையும் வாசிக்கும் சோதனை, இறக்கும் தறுவாயிலுள்ள தட்டை இன்னும் விரைவாக முடித்துவிடக்கூடும். முதலில் பிரதி, பின்னரே சோதனை.

மென்பொருளா, வன்பொருளா?

இதைப் பிரித்தறிய இரண்டு நல்ல வழிகள் உண்டு. முதலாவது, பாதுகாப்பு நிலையில் ஆரம்பித்தல். விண்டோஸ் 10, 11 என்பவற்றில் ஷிஃப்ட் விசையை அழுத்தியவாறு மீள ஆரம்பித்தலைத் தெரிவுசெய்தால் இதற்கான பட்டியைப் பெறலாம். இந்நிலையில் அத்தியாவசியமான இயக்கிகள் மாத்திரமே ஏற்றப்படும். வழமையான நிலையில் நின்றுவிடும் கணினி இங்கு சீராக இயங்குமாயின், அண்மையில் நிறுவிய இயக்கியையோ மென்பொருளையோ சந்தேகிக்கலாம். 2024 இல் செயலிழந்த கணினிகளில் பலவும் இந்நிலையில் ஆரம்பித்து, பிழையான கோப்பை அழித்தே மீட்கப்பட்டன.

இரண்டாவது வழி எளிதானது. ஆனால் பலர் செய்வதில்லை. கணினி ஆரம்பிக்கும்போது பயொஸ் திரைக்குச் சென்று அப்படியே அரை மணி நேரம் விட்டுவிடுங்கள். அங்கு பணிசெயல் முறைமை ஏற்றப்படவேயில்லை. அங்கும் அணைந்துவிட்டால் விண்டோஸின் மீதோ வைரசின் மீதோ பழி போட முடியாது. பல கணினிகளில் அத்திரையிலேயே செயலியின் வெப்பநிலையையும் பார்க்கலாம்.

விண்டோஸின் நிகழ்வுப் பதிவேட்டில் "கேர்ணல் பவர் 41" என்ற பதிவைக் கண்டு, வலு வழங்கி பழுதென முடிவுசெய்வோர் உளர். அது தவறு. முறையாக மூடப்படாமல் கணினி நின்றது என்பதை மட்டுமே அது கூறுகின்றது. வெப்பத்தினால் அணைந்தாலும், தம்பி செருகியைக் கழற்றினாலும் அதே பதிவுதான் இடப்படும்.

வைரசை முற்றாக மறக்கவும் கூடாது. விண்டோஸ் எக்ஸ்பிக்கு 2014 இலும், விண்டோஸ் 7 இற்கு 2020 இலும், விண்டோஸ் 10 இற்கு 2025 ஒக்டோபர் 14 இலும் பொதுவான ஆதரவு நிறுத்தப்பட்டது. பாதுகாப்பு இற்றைப்படுத்தல்கள் கிடைக்காத கணினியை இணையத்துடன் இணைத்து வைத்திருப்போர் இச்சந்தேகத்தையும் சேர்த்துக்கொள்ள வேண்டும்.

மாதிரி வினா

மாணவி ஒருவரின் மேசைக்கணினியில் சொல் முறைவழிப்படுத்தல் மணிக்கணக்கில் தடையின்றி நடைபெறுகின்றது. விளையாட்டு ஒன்றை ஆரம்பித்தால் 15 நிமிடத்தில் கணினி செய்தியேதுமின்றி அணைகின்றது. உடனே இயக்கினால் 3 நிமிடத்தில் மீண்டும் அணைகின்றது. மறுநாட் காலை வழமைபோல் இயங்குகின்றது.
(அ) பெரும்பாலும் காரணமாகக்கூடியது யாது? இரு சான்றுகள் தருக.
(ஆ) வலு வழங்கியையும் சந்தேகிக்கலாமா? விளக்குக.
(இ) பணிசெயல் முறைமையை மீள நிறுவுவது பொருத்தமான தீர்வாகுமா?

விடைக் குறிப்பு: (அ) மத்திய செயற்பாட்டு அலகு அளவுக்கு மீறிச் சூடாதல். கடினமான வேலையின்போது மட்டும் அணைவது ஒரு சான்று. சூடாக இருக்கும்போது விரைவாகவும், ஆறிய பின்னர் தாமதமாகவும் அணைவது மற்றைய சான்று. "வெப்பம்" என்ற ஒரு சொல்லுடன் நிறுத்திவிடாது, அறிகுறிக்கும் காரணத்துக்கும் உள்ள தொடர்பை எழுதுக. (ஆ) ஆம். விளையாட்டின்போது சுமை கூடுவதால் பலவீனமான வலு வழங்கியும் நின்றுவிடலாம். அதுவும் சூடாகக்கூடிய ஒரு பாகமே. தூசியை அகற்றி, மின்விசிறியின் சுழற்சியையும் செயலியின் வெப்பநிலையையும் பார்த்த பின், வெப்பநிலை சாதாரணமாக இருந்தும் அணைந்தால் வேறொரு நல்ல வலு வழங்கியை இணைத்துச் சோதிக்க வேண்டும். (இ) இல்லை. கிடைத்துள்ள சான்றுகள் வன்பொருளையே காட்டுகின்றன. மீள நிறுவும்போது கோப்புகள் அழியக்கூடும்; பழுதோ அப்படியே இருக்கும்.